ஆல்ப்ஸ் மலையில் பனிப் பயணம்

மார்கழி வைகறையில் புல்நுனியில் முத்துப்போல் நிற்பதும் பனி. உதகையின் புல்வெளிகளை ஒரே இரவில் வெண்மையாக்குவதும் பனி. இமயத்தின் முடியில் என்றும் நீங்காது கிடப்பதும் பனி. தமிழில் இவை அனைத்திற்கும் ஒரு சொல்லே வழங்குகிறது. ஆல்ப்ஸ் மலைவாழ் மக்களுக்கோ ஒரு சொல் போதாது. நேற்றிரவு பெய்த பனி வேறு. காற்று அள்ளிக் குவித்த பனி வேறு. பகலில் உருகி இரவில் மீண்டும் இறுகிய பனி வேறு. தரையை ஒட்டி மறைந்திருந்து சர்க்கரைபோல் உதிரும் பனி வேறு. இவ்வேறுபாடுகளை அறிந்தவனே அங்குக் குளிர்காலத்தில் மலையேறத் தகுந்தவன்.

சுவிட்சர்லாந்தின் கிழக்குப் பகுதியில், கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,560 மீட்டர் உயரத்தில், டாவோஸ் என்னும் ஊர் உள்ளது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் காசநோயாளர் பலர் அவ்வூரின் உலர்ந்த தூய காற்றை நாடி வந்தனர். துப்பறியும் ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்த ஆர்தர் கோனன் டாயிலும் நோயுற்ற தம் மனைவியுடன் அங்கே தங்கியிருந்தார். அக்காலத்தில் ஸ்கீ என்பது அவ்வூராருக்குப் புதுமை. நார்வே நாட்டிலிருந்து வந்த அந்நெடும்பலகைகளைக் காலில் பூட்டிக்கொண்டு பனிமீது சறுக்குவோரைக் கண்டால் ஊரார் கைகொட்டிச் சிரிப்பர். பிராங்கர் என்னும் குடும்பப்பெயர் கொண்ட உடன்பிறந்தார் இருவர், அந்நகைப்புக்கு அஞ்சி, இருள் கவிந்த பின்னரே பழகினர் என்பர். 1894-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அவ்விருவரையும் வழித்துணையாகக் கொண்டு டாயில் விடியுமுன் புறப்பட்டு, மலைக்கணவாய் ஒன்றைக் கடந்து, நண்பகலுக்குள் அரோசா என்னும் ஊரை அடைந்தார். வழியில் செங்குத்தான ஓரிடத்தில் ஸ்கீக்களை ஒன்றாகக் கட்டி, அவற்றின்மேல் அமர்ந்து சறுக்க முயன்றார். அவருடைய கால்சட்டை அப்பயணத்தில் பட்ட பாட்டை அவரே நகைச்சுவையுடன் எழுதியுள்ளார்.

இன்று அவ்வூரின் தோற்றம் வேறு. 1930-களின் தொடக்கத்தில் பார்சென் மலைக்கு இருப்புப்பாதை அமைந்தது. இழுவைக் கம்பிகளும் தொங்கு ஊர்திகளும் பின்னர் வந்தன. 2,800 மீட்டருக்கு மேற்பட்ட உச்சியிலிருந்து கூப்ளிஸ் என்னும் சிற்றூர்வரை, ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தைச் சறுக்கியே இறங்கலாம். இத்தகைய தடங்களை எந்திரங்கள் இரவில் சமன் செய்கின்றன; ஓரங்களில் கம்புகள் நட்டு எல்லை காட்டுகின்றனர்; மேலே அபாயமாகத் தேங்கியுள்ள பனியை வெடிவைத்து முன்னதாகவே விழச் செய்கின்றனர். ஆதலின் தடத்திற்குள் செல்வோர்க்குப் பனிச்சரிவின் அச்சம் மிகக் குறைவு.

கம்புகளுக்கு அப்பாலோ மலை தன் இயல்பில் கிடக்கிறது. ஒரு சுவடும் படாத வெண்பரப்பு கண்ணைக் கவர்கிறது. அதில் முழங்கால்வரை மென்பனி தெறிக்க இறங்குவதைவிடப் பெரிய இன்பம் இல்லை என்று ஸ்கீ வீரர் கூறுவர். அதன்பொருட்டே பலர் ஊர்திகளை நீக்கித் தம் காலாலேயே மலையேறுகின்றனர். ஆனால் அவ்வெண்பரப்பின் அடியில் என்ன இருக்கிறது என்பதை மேலே நின்று பார்த்து அறிய இயலாது. சுவிட்சர்லாந்தில் ஆண்டுதோறும் சராசரியாக இருபதுக்கு மேற்பட்டோர் பனிச்சரிவில் மாள்கின்றனர். அவர்களுள் பெரும்பாலோர் தடங்களுக்கு வெளியே, தடையற்ற மலைச்சாரலில் சென்றவர்களே. அவர்களை மூடிய சரிவை எழுப்பியவரும் பெரும்பாலும் அவர்களோ அவர்களுடைய தோழரோதாம்.

மலையின் மீது கிடக்கும் பனி ஒரே நாளில் வந்ததன்று. ஒவ்வொரு பொழிவும் ஓர் அடுக்காகப் படிகிறது. கார்த்திகையில் விழுந்தது அடியிலும், தையில் விழுந்தது அதன் மேலும், நேற்று விழுந்தது எல்லாவற்றிற்கும் மேலும் கிடக்கின்றன. கிடக்கும்போதே ஒவ்வோர் அடுக்கும் மாறிக்கொண்டிருக்கிறது. புதிதாக விழுந்த உலர்பனி மிக இலேசானது. ஒரு கனமீட்டர் பனி நூறு கிலோகிராமுக்கும் குறைவாகவே இருக்கும். சில நாள்களில் அதன் ஆறுமுனைப் படிகங்கள் முனை மழுங்கி, ஒன்றோடொன்று ஒட்டி, இறுகத் தொடங்கும். இம்மாற்றம் நன்மையானது, பனியைத் தன் இடத்தில் நிற்கச் செய்வது இதுவே.

பனி குறைவாகப் பெய்து குளிர் கடுமையாக இருக்கும் ஆண்டில் இதற்கு மாறாக நிகழ்கிறது. பனிப்போர்வைக்கு அடியில் தரை ஏறத்தாழ 0 பாகையில் இருக்கும். மேலே காற்றோ உறைநிலைக்குக் கீழ் 20 பாகை இருக்கலாம். போர்வை மெல்லியதாயின், சிறு தடிப்புக்குள் இத்துணை வெப்ப வேறுபாடு அமைகிறது. அதனால் அடியிலுள்ள பனி ஆவியாகி மேலெழுந்து, வேறு படிகங்களின்மீது மீண்டும் உறைகிறது. அங்ஙனம் வளரும் படிகங்கள் கிண்ணம்போல் குடைந்தும் கோணங்கள் மிகுந்தும் இருக்கும். கையில் அள்ளினால் சர்க்கரைபோல் விரலிடுக்கில் வழியும். அவை ஒன்றையொன்று பற்றிக்கொள்வதில்லை. மார்கழியில் இவ்வடுக்கு உருவாகிவிட்டால், அதன்மேல் எவ்வளவு பனி பெய்தாலும் மணல்மேல் கட்டிய சுவர்போலவே நிற்கும். பல வாரங்கள் அதன் தீமை நீங்காது.

இன்னொரு தீய அடுக்கு பிறக்கும்போது மிக்க அழகுடையது. முகிலற்ற, காற்றற்ற இரவில் பனிப்பரப்பின்மேல் இறகு போன்ற மெல்லிய படிகங்கள் முளைக்கின்றன. காலைக் கதிரில் அவை மின்னுவதைக் கண்டோர் வியப்பர். அதன்மேல் அடுத்த பொழிவு மெல்ல விழுந்தால், அவ்விறகுகள் நசுங்காமல் நின்றவாறே புதைந்துபோகின்றன. பின்னர் மேலே நடப்பவனுக்கு அவை இருப்பதே தெரியாது. சீட்டுக்களை நிறுத்திக் கட்டிய வீட்டின்மேல் பலகை வைத்தாற்போல் பனி அவற்றின்மேல் கிடக்கும்.

அப்பலகையைச் செய்வது பெரும்பாலும் காற்று. முகட்டின் ஒரு பக்கத்துப் பனியை வாரி எடுத்து, படிகங்களை உடைத்துப் பொடியாக்கி, மறு பக்கத்தில் அடர்த்தியாக அமர்த்திவிடுகிறது. இரண்டு நாளில் வானம் தந்ததைவிடக் காற்று ஓரிரவில் மிகுதியாகச் சேர்த்துவிடுதலும் உண்டு. ஆதலின் மலைவழிகாட்டிகள் பனி பெய்த அளவை மட்டும் கேட்டு அமைவதில்லை. காற்று எத்திசையில் வீசியது என்பதையும் கேட்டறிகின்றனர்.

இனி, சரிவு நிகழும் முறையைக் காணலாம். சாய்வு 30 பாகைக்குக் குறைந்த இடத்தில் இறுகிய பனிப்பலகை வழுக்கி வருதல் அரிது. மிகச் செங்குத்தான பாறைகளில் பனி தேங்குவதில்லை. 30 பாகைக்கும் 45 பாகைக்கும் இடைப்பட்ட சாரலே அஞ்சத்தக்கது. ஸ்கீ வீரர் விரும்புவதும் அதுவே. அங்கு ஒருவன் செல்லும்போது அவன் எடை கீழுள்ள நொய்ந்த அடுக்கை ஓரிடத்தில் நொறுக்குகிறது. அம்முறிவு கண்ணிமைப்பில் பக்கங்களில் பரவுகிறது. சில வேளைகளில் பனி 'வும்' என்று அடித்தொண்டையில் முழங்கும். அவ்வொலியைக் கேட்டவர் உடனே திரும்பிவிட வேண்டும். செங்குத்தான இடமாயின் முழக்கத்தோடு நில்லாது. மேலே குறுக்காக வெடிப்புத் தோன்றி, பலகை முழுவதும் பெயர்ந்து இறங்கும். 50 மீட்டர் அகலமும் 100 மீட்டர் நீளமும் அரை மீட்டர் தடிப்பும் உள்ள சிறு பலகையையே எடுத்துக்கொண்டாலும் அது 2,500 கனமீட்டர் ஆகும். கனமீட்டருக்கு 200 கிலோகிராம் எனக் கணக்கிட்டால், மனிதன்மேல் வருவது 500 டன்.

இவ்வச்சம் ஸ்கீ வருமுன்னரே அம்மக்களுக்கு இருந்தது. அண்டர்மாட் என்னும் ஊரின் மேலுள்ள காட்டில் எவரும் மரம் வெட்டலாகாது என்று 1397-ஆம் ஆண்டிலேயே ஆணை எழுதினர்; பனியைத் தடுத்து நிறுத்துபவை அம்மரங்களே என்பதை அவர்கள் கண்டிருந்தனர். டாவோஸ் அருகே ஒரு மாதாகோவிலின் மலைப்பக்கச் சுவர், கப்பலின் முன்பகுதிபோல் ஆப்பு வடிவில் கட்டப்பட்டுள்ளது. வரும் பனி இருபிளவாகிக் கோவிலை விட்டு விலகிப்போகும். 1951-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அந்நாட்டில் 98 பேர் பனிச்சரிவில் மாண்டனர். அதன்பின் சாரல்களில் தடுப்புகள் வரிசை வரிசையாக எழுந்தன. 1999-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அதனோடு ஒப்பிடத்தக்க பெரும்பனி பெய்தபோது, ஊர்களிலும் சாலைகளிலும் உயிரிழந்தோர் 17 பேர்.

டாவோஸ் மலைமேல் 1936-ஆம் ஆண்டில் ஒரு மரக்குடிலில் தொடங்கிய பனி ஆய்வு, இன்று பெரிய ஆராய்ச்சி நிலையமாக வளர்ந்துள்ளது. மலைகளெங்கும் ஏறத்தாழ இருநூறு பேர் பனியின் நிலையை நோக்கி அந்நிலையத்திற்கு அறிவிக்கின்றனர். குளிர்காலத்தில் நாள்தோறும் மாலையும் காலையும் அது எச்சரிக்கை அறிக்கை வெளியிடுகிறது. அபாயம் ஐந்து படிகளாகப் பகுக்கப்பட்டுள்ளது. நான்காம் படியிலும் ஐந்தாம் படியிலும் மலை வெளிப்படையாகவே அச்சுறுத்துவதால் மக்கள் வீட்டில் தங்கிவிடுகின்றனர். மூன்றாம் படியிலோ வானம் தெளிந்து, வெயில் எறித்து, பனி புத்தம்புதிதாகக் கிடக்கும். உயிரிழப்புகளுள் பெரும்பங்கு அம்மூன்றாம் படி நாள்களிலேயே நேர்கிறது.

மலையேறுவோர் ஸ்கீயின் அடியில் ஒரு நாடாவை ஒட்டிக்கொள்வர். முன்னாளில் அது கடல்நாயின் தோல். இன்று ஆட்டு மயிராலோ நைலானாலோ செய்யப்படுகிறது. அதன் மயிர் பின்னோக்கிப் படிந்திருப்பதால் பலகை முன்னே வழுக்கிச் செல்லும், பின்னே வழுக்காது. ஏறும்போது குதிகால் உயர்ந்து தாழும். உச்சியில் நாடாவை உரித்து, குதிகாலையும் பூட்டிக்கொண்டு இறங்குவர். ஐயுற்ற இடத்தில் நின்று, மண்வாரியால் ஒரு குழி வெட்டுவர். குழியின் சுவரில் அக்குளிர்காலத்தின் அடுக்குகள் அனைத்தும் தெரியும். எந்த அடுக்கு எவ்வளவு உறுதியானது என்பதை அறியும் வழி எளிது. முதலில் முட்டியால் அழுத்துவர், புகாவிடின் நான்கு விரல்களால், அதுவும் புகாவிடின் ஒரு விரலால், பின்னர் பென்சிலால், இறுதியில் கத்தியால். கத்தி மட்டுமே புகும் கெட்டியான அடுக்கின்கீழ் முட்டியே புகும் நொய்ந்த அடுக்கு இருக்கக் கண்டால், வந்த வழியே திரும்புதலே அறிவுடைமை. மூன்று மணி நேரம் ஏறி வந்தபின், உச்சி கண்ணெதிரே நிற்க, அங்ஙனம் திரும்புவது எளிதன்று. முன்னே சென்ற வேறொரு குழுவின் சுவடு அச்சாரலில் இருக்குமாயின் இன்னும் அரிது. ஆனால் ஐந்து பேர் கடந்த இடத்தில் ஆறாமவன் காலடியில் பனி பெயர்ந்ததும் உண்டு.

செங்குத்தான இடத்தை ஒருவர் ஒருவராகவே கடப்பர். ஏனையோர் பாதுகாப்பான இடத்தில் நின்று அவரைப் பார்த்துக்கொண்டிருப்பர். மெத்தனமாகத் தோன்றும் இவ்வழக்கத்திற்கு ஒரு காரணம் உண்டு. ஓடும் சரிவு நீர்போல் அலைந்தாலும், நின்றவுடன் அதன் மணிகள் ஒன்றோடொன்று இறுகிவிடுகின்றன. உள்ளிருப்பவன் ஒரு விரலையும் அசைக்க இயலாது. 10 நிமிடத்திற்குள் வெளியே எடுக்கப்பட்டவருள் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கின்றனர். அரைமணி கடந்தால் மூவரில் ஒருவரே பிழைக்கின்றனர். பள்ளத்தாக்கிலிருந்து ஹெலிகாப்டர் வந்து சேர்வதற்குள் அந்நேரம் பெரும்பாலும் கழிந்துவிடும். ஆதலின் உடன் வந்த தோழரே மீட்பவர் ஆகின்றனர். ஒவ்வொருவரும் மார்பில் ஒரு சிறு வானொலிக் கருவியை அணிகின்றனர். அது ஓயாது குறியொலி அனுப்பும். ஒருவர் புதையுண்டால் ஏனையோர் தம் கருவிகளை ஒலிவாங்கும் நிலைக்கு மாற்றி, அவ்வொலியைப் பின்தொடர்ந்து இடம் காண்பர், மடக்குக் கோலை நீட்டித் துழாவுவர், பின்பு தோண்டுவர். ஒரு மீட்டர் ஆழமாயினும் வாரி எடுக்க வேண்டிய பனி ஒரு டன்னைத் தாண்டும்.

பழங்காலத்தில் இக்கருவிகளுக்கு மாற்றாக நாய்கள் இருந்தன. செயின்ட் பெர்னார்ட் கணவாயின் மடத்தில் வளர்ந்த பாரி என்னும் நாய் நாற்பது பேருக்கு மேல் காத்தது என்பர். 1814-ஆம் ஆண்டில் இறந்த அதன் உடல் பெர்ன் நகர அருங்காட்சியகத்தில் இன்றும் பேணப்படுகிறது. அவ்வினத்து நாய்களின் கழுத்தில் தொங்குவதாகக் காட்டப்படும் மதுப்பீப்பாய் ஓவியரின் கற்பனையே.

பங்குனி பிறந்ததும் மலையின் கணக்கு மாறுகிறது. பகலில் மேற்பரப்பு உருகி, இரவில் கல்போல் உறைகிறது. மலையேறுவோர் இருளிலேயே நெற்றியில் விளக்குக் கட்டிக்கொண்டு புறப்படுவர். அப்போது ஸ்கீயின் விளிம்பு கண்ணாடியில் உரசுவதுபோல் கிறீச்சிடும். காலை வெயிலில் மேலே இரண்டு மூன்று சென்டிமீட்டர் மட்டும் இளகும் நேரமே இறங்குவதற்கு உரியது. சிறிது நேரம் தாழ்த்தினால் நீர் அடிவரை கசிந்து, பனி கனத்து, சாரலே வழியத் தொடங்கும். நண்பகலுக்குள் அவர்கள் ஊர் திரும்பிவிடுகின்றனர். சித்திரை, வைகாசியில் அடுக்குகள் ஒவ்வொன்றாகக் கரைந்து லாண்ட்வாசர் ஆற்றில் இறங்கி, ரைன் ஆற்றோடு கலந்து, வடகடலை நோக்கிச் செல்கின்றன.