பழைய போர் விமானம் பறக்கலாமா?



தில்லியில் பாலம் என்னுமிடத்தில் இந்திய விமானப்படையின் காட்சிச்சாலை ஒன்று உண்டு. அங்கே நான்கு எஞ்சின்களைப் பூண்ட லிபரேட்டர் என்னும் குண்டுவீச்சு விமானம் ஒன்றைக் கண்டேன். அதன் வரலாறு சுவையானது. இரண்டாம் உலகப்போர் முடிந்தபின் ஆங்கிலேயர் பல லிபரேட்டர்களைக் கான்பூரில் விட்டுச் சென்றனர்; அவை மீண்டும் பறவாதபடி சிதைத்தும் வைத்தனர். பெங்களூர் ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையினர், ஒன்றன் உறுப்பை மற்றொன்றிற் பொருத்திச் சுமார் 40 விமானங்களை மறுபடி பறக்கச் செய்தனர். 1948 முதல் 1968 வரை அவை நம் விமானப்படையில் பணிபுரிந்தன.

“அன்று குப்பையிலிருந்து எழுப்பியவர்கள், இன்று இதையும் பறக்கவிடலாகாதா?” என்று என் மனம் கேட்டது. நிற்கும் விமானம் கூண்டிலடைத்த பறவையே என்றுதான் அப்போது எண்ணினேன். பின்னர்ப் படித்தறிந்த செய்திகள் என் எண்ணத்தை மாற்றின.

முதலில் உலோகத்தைப் பற்றிச் சொல்கிறேன். ஒரு கம்பியை ஒருமுறை வளைத்தால் அது ஒடிவதில்லை. மீண்டும் மீண்டும் வளைத்தால் ஒடிந்துவிடுகிறது. பறக்கும்போது விமானத்தின் இறக்கைகளும் காற்றில் சிறிது சிறிதாக வளைந்து நிமிர்கின்றன. ஆண்டுகள் பல சென்றபின் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் தோன்றுகின்றன. இதனையே உலோகச் சோர்வு என்பர். விமானம் சும்மா நின்றாலும் ஈரம் உலோகத்தை அரிக்கும்; ரப்பர்க் குழாய்கள் வெடிக்கும். மேலே பூசிய வண்ணம் புதிதாய் மின்னுவதால் உள்ளே நலம் என்று கொள்ளலாகாது. எக்ஸ்ரே முதலிய சோதனைகளால்தான் உண்மையை அறியமுடியும்.

சோதனை மட்டும் போதுமா? போதாது என்பதற்கு வல்கன் என்னும் பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானம் சான்று. 1960-இல் முதன்முதல் பறந்து, 1993-இல் ஓய்வு பெற்ற ஒரு வல்கனை ஆர்வலர்கள் பொதுமக்களின் நன்கொடையும் அரசின் லாட்டரி நிதியும் கொண்டு புதுப்பித்தனர். 2007 அக்டோபரில் அது மீண்டும் வானேறியது. 2012-இல், ஈரத்தை உறிஞ்சுவதற்கென வைத்த சிறு பைகள் காற்றுவழியில் தங்கிவிட, அவற்றை உள்ளிழுத்து இரண்டு எஞ்சின்கள் பாழாயின. ஒரு பையை எடுக்க மறந்ததன் விலையைப் பாருங்கள்! பின்னர், அவ்விமானத்தின் தொழில்நுட்பத்துக்குப் பொறுப்பேற்றிருந்த மூன்று நிறுவனங்கள் அப்பொறுப்பிலிருந்து விலகின. அதன் நுட்பம் அறிந்தவர்கள் தொழிலைவிட்டு விலகி வந்ததும் இதற்கொரு காரணம். 2015 அக்டோபரில் அது கடைசியாகப் பறந்தது. வரைபடம் தாளில் இருக்கலாம். ஆனால் கைப்பழக்கம் மனிதரோடு மறைந்துவிடுகிறது.

அதே ஆண்டு ஆகஸ்டு 22-ஆம் நாள், இங்கிலாந்தில் ஷோராம் என்னும் ஊரின் விமானக் காட்சியில், பழைய ஹண்டர் ஜெட் ஒன்று வானில் வட்டமடித்து இறங்குகையில் நெடுஞ்சாலையில் விழுந்தது. மாண்டவர் 11 பேர். அத்தனை பேரும் கீழே தரையில் இருந்தவர்கள். வட்டத்தின் உச்சியில் தேவையான உயரத்தை விமானம் எட்டவில்லை என்பது விசாரணையிற் புலனாயிற்று. இதையடுத்து, பழைய ஜெட்டுகள் நிலத்தின்மேல் சாகசம் புரிவதற்குக் கட்டுப்பாடு விதித்தனர்.

ஆகவே, பழைய விமானங்கள் பறக்கவே கூடாது என்பதா என் கருத்து? அன்று. 1947-இல் ஸ்ரீநகருக்கு நம் படைவீரரை ஏற்றிச்சென்ற டகோட்டா வகையில் ஒன்றைப் பிரிட்டனில் புதுப்பித்து, 2018-இல் நம் விமானப்படை ஏற்றுக்கொண்டது. அது அங்கிருந்து இந்தியாவுக்குப் பறந்தே வந்தது. உலோகம் உறுதியாக இருந்து, அதனைப் பேணத் தெரிந்த கைகளும் இருந்து, கீழே வாழ்வோர்க்கு ஊறு நேராதென்ற உறுதியும் கிட்டினால், பழைய விமானம் தாராளமாகப் பறக்கட்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் அது தரையில் நிற்பதே நன்று.

இப்போது பாலத்து லிபரேட்டரை நினைத்தால் கூண்டுப் பறவை என் நினைவுக்கு வருவதில்லை. அதன் தகடுகளைப் பொருத்திய கைகளே நினைவுக்கு வருகின்றன. நீங்கள் அங்கே போக நேர்ந்தால், அந்த ஆணிகளின் வரிசையைச் சற்று நின்று பாருங்கள்.