மலையும் அச்சும் – 11: பேய்க்கதைக்கு ஒரு சந்தா

மலையகத் தமிழ் அச்செழுத்தின் முன்னோடி கோ. நடேசய்யர் என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. தொழிற்சங்கத் தலைவர், பத்திரிகையாசிரியர், தோட்டத்துரைமாரின் தூக்கத்தைக் கெடுத்தவர். அவர் கதை எழுத வந்தபோது எடுத்துக்கொண்டது கூலிப் பிரச்சினையை இல்லை. 1924இல் ‘தேசபக்தன்’ பத்திரிகையில் அவர் எழுதியது ‘மூலையில் குந்திய முதியோன் அல்லது துப்பறியும் திறம்’. மலையகத்தின் முதல் நாவல் முயற்சியாக ஆய்வாளர்கள் குறிப்பிடும் அந்தப் படைப்பு ஒரு மர்மக்கதை. திகிலையும் மர்மத்தையும் படிக்கப் பிரியப்படும் வாசகர் இருக்கிறார் என்று நடேசய்யர் கணக்குப் போட்டிருக்கிறார். பிறகு வந்த எழுத்து அந்தக் கணக்கை மறந்தது. யதார்த்தவாதம் ஒன்றே மலையகத்தின் வழி என்று ஆனது. அது தந்தவை பெரிய படைப்புகள்தான். பதுளை ஹாலிஎலப் பக்கத்து ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் பிறந்த தெளிவத்தை ஜோசப்பின் ‘மீன்கள்’ ஒன்றே போதும். ஒற்றைக் காம்பராவுக்குள் ஒரு குடும்பம் படும் அவஸ்தையை அதற்கு மேல் யாரும் சொல்லிவிட முடியாது. ஆனால் அதே காம்பராவில் இரவு விளக்கணைத்த பிறகு சொல்லப்பட்ட கதைகள் அச்சுக்கு வரவில்லை. திகில் நூல்களுக்கென்றே ஒரு சிறு பதிப்பகம், அது முன்கூட்டியே அறிவிக்கும் ஆண்டு அட்டவணை, சந்தா கட்டிச் சேரும் வாசகர் வட்டம் என்ற ஏற்பாடு உலகில் பல மொழிகளில் நடக்கிறது. ஊவாவில் அது ஏன் நடக்கவில்லை என்று கேட்டால், ‘வாசகர் இல்லை’ என்ற பதில் உடனே வரும். அந்தப் பதில் பிழை என்பதே இந்த வாரத்து வாதம்.

முதலில் சரக்கு இருக்கிறதா என்று பார்ப்போம். தேயிலை ஸ்டோரில் ஒரு தெய்வம் குடியிருக்கிறது; அதன் பெயர் ரோதமுனி. ரோதை என்றால் சுழலும் சக்கரம். பழைய ஸ்டோர்களில் கூரைக்கடியில் நீண்ட இரும்புத் தண்டு ஓடும். அதிலிருந்து தோல்பட்டிகள் இறங்கி ஒவ்வொரு மெசினையும் சுற்றும். வேட்டி நுனியோ கையோ பட்டியில் சிக்கினால் இழுத்துக்கொண்டு போய்விடும். கிராமத்தில் ஊர் எல்லையைக் காத்த முனியை இந்தியாவிலிருந்து கூட்டிவந்தவர்கள், இங்கே அதை எல்லையில் வைக்காமல் சக்கரத்தில் குடியேற்றினார்கள். கவ்வாத்துக் கத்தி எடுக்கும் மலைக்கு ஒரு கவ்வாத்துச்சாமி. கொழுந்து மலைக்கும் காவலுக்குச் சாமி உண்டு. எங்கே உடம்புக்கு ஆபத்தோ அங்கே ஒரு துடியான தெய்வம். மாசி மாதத்துக் காமன் கூத்தில் எமதூதனும் வீரபத்திரனும் களத்தில் இறங்கும் கட்டத்தைப் பார்த்தவர்களுக்கு, நடுச்சாமத்தில் ஒரு கூட்டம் முழுவதும் ஒன்றாக மூச்சைப் பிடிப்பது என்றால் என்னவென்று தெரியும். மோகினி, கொள்ளிவாய்ப் பிசாசு, சுடலைமாடன் எல்லாம் தமிழகத்திலும் உண்டு. ரோதமுனியோ இந்த மலையின் தேயிலையோடு பிறந்தவர். வெள்ளைக்காரரின் திகில் இலக்கியம் பெரும்பாலும் பிரபுவின் மாளிகைக்குள்ளேயே சுற்றும். அந்தக் கணக்கில் அப்புத்தளையில் 1931இல் தோமஸ் வில்லியர்ஸ் துரை கட்டிய அடிஷம் பங்களாவில்தான் நம் பேய்கள் இருக்கவேண்டும். அது இப்போது துறவிமடம், அங்கே அவற்றுக்கு அனுமதி கிடைக்காது. மலையகத்துத் திகில் குடியிருப்பது வேலைத்தலத்தில். இது வேறெந்த மொழியின் பேய்க்கதைக்கும் எளிதில் வாய்க்காத முதல்.

அப்படியிருக்க, தடை எங்கே? விற்பனை முறையில் என்பேன். இலங்கைத் தமிழ்ப் புத்தகம் எப்படி விற்கிறது என்பது எல்லோருக்கும் தெரிந்த இரகசியம். எழுதியவர் நகையை அடகு வைத்தோ வங்கியில் கடன்பட்டோ முந்நூறு, ஐந்நூறு பிரதி அடிக்கிறார். வெளியீட்டு விழா நடக்கிறது. ஒரு வர்த்தகப் பிரமுகர் மேடையேறி முதற்பிரதி வாங்குகிறார். கடித உறைக்குள் என்ன இருந்தது என்பது மறுநாள்தான் தெரியும். அடுத்து வரிசையாகச் சிறப்புப் பிரதிகள். அச்சுக்கூலி தேறிவிட்டால் மீதிக் கட்டுகள் வீட்டில் கட்டிலுக்கடியில் போகும். இந்த முறையில் புத்தகத்துக்குக் காசு தருபவர் வாசகர் இல்லை, கொடையாளர். கொடையாளர் மேடையேறிப் பெருமையோடு கையில் பிடிக்கக்கூடிய புத்தகமே அச்சாகும். பேய்க்கதைக்கு யார் பொன்னாடை போர்த்துவார்கள்? கொடையின் நல்ல முகத்துக்குத் துரைவி பதிப்பகம் சாட்சி. வணிகரான துரை விஸ்வநாதன் தன் கைக்காசில் 1997இல் ‘மலையகச் சிறுகதைகள்’, ‘உழைக்கப் பிறந்தவர்கள்’ என்ற இரு பெருந்தொகுப்புகளைக் கொண்டுவந்தார்; தொகுத்தவர் தெளிவத்தை ஜோசப். அவை இல்லையென்றால் பல கதைகள் பழைய பத்திரிகைக் கட்டுகளோடு செல்லரித்துப் போயிருக்கும். ஆனால் விஸ்வநாதன் மறைந்தபின் அந்த வேகம் திரும்பவில்லை. ஒருவர் தயவில் நிற்கும் பதிப்பகம் அவரோடு படுத்துவிடும். மாறாக, வாசகர் காசில் ஓடியதற்கும் உதாரணம் உண்டு. 1970களில் இந்திய இதழ்களின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்ட காலத்தில் வீரகேசரி பிரசுரம் வரிசையாக நாவல்களை வெளியிட்டது. தெளிவத்தை ஜோசப்பின் ‘காலங்கள் சாவதில்லை’ 1974இல் அப்படித்தான் வந்தது. பத்திரிகை போகும் கடைக்கெல்லாம் புத்தகமும் போனது, விற்றது. போக வழி இருந்தபோது புத்தகம் மலையேறியிருக்கிறது.

முன்பணம் வாங்கிப் புத்தகம் போடுவது தமிழுக்குப் புதிதும் இல்லை. உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றியது பலரிடம் கையொப்பம் வாங்கித்தான். புத்தகம் வந்தால் வாங்கிக்கொள்வேன் என்று ஒப்பமிட்டவர்களை நம்பி அச்சுக்கூடத்துக்குப் போனார். திகிலுக்கு வருவோம். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஆகஸ்ட் டெர்லெத்தும் டொனால்ட் வாண்ட்ரெயும், 1937இல் மறைந்த தங்கள் எழுத்தாளர் லவ்கிராஃப்டின் கதைகளைப் பெரிய பதிப்பாளர்கள் சீந்தாததால், 1939இல் ஆர்க்கம் ஹவுஸ் என்ற பதிப்பகத்தைத் தாங்களே தொடங்கினார்கள். முதல் நூல் 1,268 பிரதிகள். முன்பதிவுக்குச் சலுகை விலை அறிவித்தும் பணம் கட்டியவர்கள் ஏறக்குறைய 150 பேர். முழுவதும் விற்றுமுடிய நான்கு வருடம் பிடித்தது. இன்று அந்த லவ்கிராஃப்ட் இல்லாமல் உலகத் திகில் இலக்கியத்தைப் பேச முடியாது. நமக்குக் கிட்டத்தில் சிவகாசியின் லயன்–முத்து காமிக்ஸைப் பாருங்கள். 1972இல் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கிய முத்து, 1984இல் வந்த லயன் இரண்டும் பெட்டிக்கடை வியாபாரம் படுத்தபிறகும் உயிரோடிருப்பது ஆண்டுச் சந்தாவால். வரும் ஆண்டு என்னென்ன இதழ் என்று அட்டவணை முதலில் வரும், வாசகர் பணம் கட்டுவார், பிறகே அச்சு. இத்தாலியின் பேய்த் துப்பறிவாளன் டைலன் டாக் தமிழ் பேசியது இந்த ஏற்பாட்டில்தான். கடை விற்பனையை மட்டும் நம்பியிருந்தால் அந்தத் துணிச்சல் வந்திருக்குமா என்பது சந்தேகம்.

‘சிவகாசியில் நடக்கும், பசறையில் நடக்குமா?’ என்பார்கள். நடக்கும் என்பதற்குத் தோட்டமே ஆதாரம். இலங்கையில் சந்தாவால் வாழும் சமூகம் ஒன்று உண்டென்றால் அது தோட்டத்துச் சமூகம். தொழிற்சங்கத்துக்கு மாதாமாதம் சந்தா, திருவிழாவுக்கு வரி, சாவு வீட்டுக்கு மரணாதாரச் சங்கம், பெண்களுக்குள் சீட்டு. சிறு தொகையைப் பலர் சேர்த்து, முறை வரும்போது எடுத்துக்கொள்ளும் ஒழுங்கு பரம்பரையாகப் பழகிய இடம் அது. மாதம் 250 ரூபா என்று 300 பேர் ஓராண்டு கட்டினால் ஒன்பது இலட்சம். ஆண்டுக்கு மூன்று நூல், ஆளுக்கு ஒரு பிரதி என்றால் பிரதிக்கு 1,000 ரூபா. சிறு அச்சுப்பதிவுக்கு அது போதும். எழுதியவர் கையிலும் ஏதாவது வைக்கலாம், நம்மிடையே அது அபூர்வம். கூலியை யாரும் மறக்கவில்லை. 2021இல் நாட்கூலி 1,000 ரூபாவானது. 2024இல் அடிப்படை 1,350 ரூபா. ஒரே மூச்சில் 1,000 ரூபா கொடுத்துப் புத்தகம் வாங்கு என்பது அந்த வீட்டிடம் கேட்கக்கூடாத கேள்வி. மாதம் 250, அதுவும் ஒரு பிரதிக்கு நாலு வீடு சேர்ந்து என்றால் அது வேறு கணக்கு. நகரத்தில் ஆசிரியராக, தாதியாக, கடைச் சிப்பந்தியாக, கொழும்பில் வேலையாக இருக்கும் தோட்டத்துப் பிள்ளைகளையும் சேர்த்தால் 300 பேர் பெரிய எண்ணில்லை. ஒரு நிபந்தனை மட்டும்: தொழிற்சங்கச் சந்தாபோல் சம்பளத்தில் பிடிக்கும் வேலை ஆகாது. கேட்காமலே கழிபடும் காசு எவ்வளவு கசப்பைச் சேர்த்திருக்கிறது என்பதைச் சம்பளச் சீட்டைக் கையில் வாங்கும் யாரிடமும் கேட்கலாம். கையால் கொடுத்து, பிடிக்கவில்லையென்றால் அடுத்த மாதம் நிறுத்தக்கூடிய சந்தாவாக இருக்கவேண்டும்.

இனி எதிர்வாதங்கள். முற்போக்கு விமர்சகர் கேட்பார்: நூற்றைம்பது வருடமாக இந்தச் சனத்தை அடக்கி வைத்த கருவிகளில் மூடநம்பிக்கையும் ஒன்று, அதை அச்சடித்து விற்பதா? இந்தக் கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. இருட்டினால் லயத்தை விட்டு வெளியே போகாதே என்ற பயம் கங்காணிக்கு வசதியாகவே இருந்திருக்கும். கோடங்கியிடம் காசும் நோயாளியின் காலமும் போனதும் உண்மை. ஆனால் நம்புவது வேறு, கதையாகப் படிப்பது வேறு. வாய்மொழியில் இருக்கும்போது பேய் உண்மை. அட்டையும் விலையும் போட்டு, எழுதியவர் பெயரோடு வரும்போது அது கதையாகிவிடுகிறது. அச்சு பயத்தை ஒருவகையில் வேலிகட்டிக் கொடுக்கிறது. புதுமைப்பித்தனை எடுத்துக்கொள்ளுங்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தின் கொடுமையை ‘துன்பக்கேணி’யில் எழுதிய அதே கைதான் ‘காஞ்சனை’யையும் எழுதியது. அவரை யாரும் மூடநம்பிக்கை வியாபாரி என்று சொல்லவில்லை. இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால் எது அதிகம் திகிலூட்டுகிறது என்று சொல்வது கடினம். ரோதமுனிக்குக் கிடாவெட்டிய பூசைக்குள், இந்த மெசின் ஆளைத் தின்னும் என்ற அறிவு இருக்கிறது. தொழிற்சாலைச் சட்டம் பேசிய அறிவுக்கு அது குறைந்தது என்று நான் நினைக்கவில்லை. பேசிய மொழி வேறு.

அடுத்த எதிர்வாதம் கனமானது. உண்மையான சாவுகள் நிறைந்த மண்ணில் பொழுதுபோக்குத் திகில் எதற்கு? 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களை மூடியது; பலரின் உடலே கிடைக்கவில்லை. அங்கிருந்து மக்களை அகற்றவேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. அந்தத் துயரத்தில் ஆவியை உலவவிட்டு விற்பவரை மன்னிக்க முடியாது. இதில் எனக்கு இரண்டாம் அபிப்பிராயம் இல்லை: பெயர் தெரிந்த சாவை, சொந்தக்காரர் உயிரோடிருக்கும் சாவை, இந்தப் பதிப்பகம் தொடக்கூடாது. ஆனாலும் திகில் இலக்கியத்தின் எலும்புக்கூடு எது என்று பாருங்கள். யாரோ எச்சரிக்கிறார்கள், கேட்கவேண்டியவர் கேட்பதில்லை, பிறகு அது வருகிறது. அந்த வடிவத்துக்குள் ஒன்பது வருடமாக அசையாத ஒரு கோப்பை வைத்து எழுத முடியும், பேயே தேவைப்படாது. யதார்த்தக் கதை இதைச் சொன்னால் ‘ஐயோ பாவம்’ என்று பக்கம் திருப்புபவர், திகில் கதை சொன்னால் தன் லயத்துக்குப் பின்னால் இருக்கும் மலையைத் திரும்பிப் பார்க்கலாம். பார்க்காமலும் போகலாம், இலக்கியத்தின் மீது அவ்வளவு பாரத்தை ஏற்றவேண்டியதில்லை.

சரி, முதல் ஆண்டு அட்டவணையில் என்ன போடுவது? முதல் நூல் வாய்மொழிக் கதைகளின் தொகுப்பாக இருக்கட்டும்: மடுல்சீமை, லுணுகலை, பூணாகலை, தம்பேதென்ன என்று தோட்டம் தோட்டமாகக் கேட்டு, ஒரே கதையின் நான்கு வடிவங்களையும் வெட்டாமல் கொடுக்கும் தொகுப்பு. அழகுபடுத்தாத பேச்சுமொழியில் வரவேண்டும். ஆசிரியர்மார் கையில் பேனா கிடைத்தால் ‘ஆச்சி’ உடனே ‘மூதாட்டி’ ஆகிவிடுவார். இரண்டாவது புதுமைப்பித்தனின் திகில் கதைகள். அவர் 1948இல் மறைந்தவர். எழுபது வருடக் காப்புரிமை முடிந்துவிட்டது, செலவு அச்சுக்கு மட்டும். மூன்றாவதுதான் எனக்கு மிக முக்கியம்: சிங்களத்திலிருந்து ஒரு மொழிபெயர்ப்பு. மகாசோனாவும் கலு குமாரயாவும் ஊவாக் கிராமங்களின் பயங்கள். தோட்டத்துக்கும் கிராமத்துக்கும் இடையில் ஒரு தேயிலை வரிசைதான் தூரம். நூற்றைம்பது வருடமாக ஒருவர் பயம் மற்றவருக்குச் சரியாகத் தெரியாது. அந்த வரிசையைத் தாண்டி வந்த பயம் சிலசமயம் கலவரமாகவே வந்திருக்கிறது. ஒருமுறை கதையாக வரட்டும்.

புத்தகத்தை வீட்டுக்குச் சேர்ப்பதுதான் கடைசிச் சிக்கல், சின்னச் சிக்கலும் இல்லை. லயக் காம்பராக்கள் பலவற்றுக்கு இன்னும் தனி முகவரி கிடையாது. கடிதம் தோட்ட அலுவலகத்துக்கோ நகரத்துக் கடைக்கோ வந்து, யார் கையிலோ ஏறி, நாள்கழித்து வரும். நேர்முகப் பரீட்சைக்கான அழைப்பே தேதி கடந்து கிடைத்த கதைகள் உண்டு. ஆகவே தபாலை நம்பிய சந்தா லயத்தை எட்டாது. பதுளை, பசறை, பண்டாரவளை, வெலிமடை, அப்புத்தளை ஆகிய ஐந்து நகரங்களில் தலா ஒரு கடை, சம்பளத்துக்கு அடுத்த ஞாயிறு, சந்தாப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டு எடுத்துப்போகும் ஏற்பாடு. சாமான் வாங்க எப்படியும் டவுனுக்கு இறங்கும் நாள் அது. கடைக்காரருக்குப் பிரதிக்கு 50 ரூபா. இரண்டு மாதம் தவறியவரின் பிரதியை மூன்றாம் மாதம் வரை வைத்திருந்து, பிறகு தோட்டத்து வாசிகசாலைக்குக் கொடுத்துவிடலாம். அந்த வாசிகசாலைகள் எந்த நிலையில் இருக்கின்றன, கட்டியவர்கள் யார், பூட்டியவர்கள் யார் என்பது அடுத்த வாரம்.

(தொடரும்)