முதல் லோக் சபையும் அதன் தலைமையும்

தொழிலின் பொருட்டு மும்பையிலோ, கொல்கத்தாவிலோ, டில்லியிலோ குடியேறி வாழும் தமிழ் அன்பர்களிடம், "பாராளுமன்றத்தில் உங்கள் பிரதிநிதி யார்?" என்று வினவினால், பலர் தஞ்சைக்கோ திருநெல்வேலிக்கோ உரிய அங்கத்தினரையே நினைப்பர். தாம் வசிக்கும் தொகுதியின் அங்கத்தினர் பெயர் நாவில் எளிதில் வருவதில்லை. ஊர்ப்பற்று இயல்பானதே. ஆயினும் அந்த விடை சரிதானா என்பதை, நமது முதல் லோக் சபையின் அமைப்பையும் தலைமையையும் நோக்கி அறிய முற்படுவோம்.

1951 அக்டோபர் தொடங்கி 1952 பிப்ரவரி வரை நடைபெற்ற முதற் பொதுத் தேர்தலில் வாக்குரிமை பெற்றிருந்தோர் ஏறத்தாழ 17 கோடியே 30 லட்சம் பேர். நிரப்பப்பட வேண்டிய ஸ்தானங்கள் 489; தொகுதிகளோ 401 மட்டுமே. 86 தொகுதிகள் இருவரையும், ஒரு தொகுதி மூவரையும் தேர்ந்தனுப்பியதே இவ்வேறுபாட்டுக்குக் காரணம். அட்டவணை வகுப்பினருக்கும் பழங்குடியினருக்கும் ஒதுக்கப்பட்ட ஸ்தானங்கள் பெரும்பாலும் இத்தகைய தொகுதிகளிலேயே, பொது ஸ்தானத்தோடு இணைந்து அமைந்திருந்தன.

தேர்தலில் காங்கிரஸ் 364 ஸ்தானங்களைப் பெற்றது. அக்கட்சிக்கு விழுந்த வாக்குகள் நூற்றுக்கு 45 அளவே. கிடைத்த ஸ்தானங்களோ ஏறக்குறைய முக்கால் பங்கு. எதிர்த்து நின்றோரின் வாக்குகள் பல கட்சிகளிடையே சிதறியதன் விளைவு இது. அடுத்து வந்த கம்யூனிஸ்டுக் கட்சி 16 ஸ்தானங்களையும், சோஷலிஸ்டுக் கட்சி 12 ஸ்தானங்களையும் பெற்றன. சபையில் பத்தில் ஒரு பங்கு பலமேனும் எந்த எதிர்க்கட்சிக்கும் இல்லாமையால், அங்கீகாரம் பெற்ற எதிர்க்கட்சித் தலைவர் என ஒருவரும் இருக்கவில்லை. பிரதம மந்திரி ஜவாஹர்லால் நேரு அவை முன்னவராகத் திகழ்ந்தார்.

தராசின் ஒரு தட்டு இவ்வாறு தாழ்ந்திருக்கும் சபையில், சிலராக இருப்போரின் குரலுக்குக் காவல் எது? சபாநாயகரின் ஆசனமே அக்காவல்.

1952 மே 13-ல் சபை முதன்முறையாகக் கூடியது. இரண்டு நாட்களுக்குப் பின், போட்டியின் வாயிலாகவே, ஜி. வி. மாவலங்கர் சபாநாயகராகத் தேர்வு பெற்றார். அவரது குடும்பத்தின் பூர்வீகம் மராத்தி வழங்கும் ரத்தினகிரி ஜில்லா. ஆயினும் அவர் வழக்கறிஞராகத் தொழில் நடத்தியதும், நகரசபைத் தலைவராகப் பணி புரிந்ததும், லோக் சபைக்குத் தேர்வு பெற்றதும் குஜராத்தி வழங்கும் அகமதாபாத் நகரத்தில்தான். குடியேறிய ஊரையே தம் ஊராகக் கொண்ட ஒருவரை, அவ்வூர் தன் பிரதிநிதியாக ஏற்றது.

1954 டிசம்பர் 18-ல் அவரையே பதவியினின்று நீக்க வேண்டும் என எதிர்க்கட்சியினர் தீர்மானம் கொணர்ந்தனர். அத்தீர்மானம் நிறைவேறாது என்பதை எண்ணிக்கையே உணர்த்தியது. அப்படியிருந்தும் அது விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது. உப சபாநாயகர் அனந்தசயனம் ஐயங்கார் தலைமை வகித்தார். குறை கூறியோர் தம் குறையை வெளிப்படையாகச் சொன்னார்கள். பிறகே தீர்மானம் தோற்றது. தோற்கப் போவோரும் பேசித் தோற்க இடமளிப்பதே மக்களாட்சியின் மரபு.

1956 பிப்ரவரி 27-ல் மாவலங்கர் பதவியில் இருக்கையிலேயே காலமானார். மார்ச் 8-ல் ஐயங்கார் அவ்விடத்துக்கு வந்தார். அவர் திருப்பதித் தொகுதியினர். அவர் தேர்வு பெற்றபோது அப்பகுதி சென்னை ராஜ்யத்தில் இருந்தது. 1953 அக்டோபர் 1-ல் ஆந்திர ராஜ்யம் உதயமானபோது அதனுடன் சேர்ந்தது. ராஜ்யத்தின் எல்லை மாறினும், தொகுதி மக்களுக்கும் அங்கத்தினருக்கும் இருந்த பிணைப்பு மாறவில்லை. அதே மார்ச்சில், அகாலி தளத்தின் சார்பில் தேர்வு பெற்றிருந்த சர்தார் ஹுக்கம் சிங், ஆளுங்கட்சியினர் அல்லராயினும், உப சபாநாயகரானார். 1957 ஏப்ரல் 4-ல் கலைக்கப்படும் வரை அச்சபை 677 நாட்கள் கூடியது.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? பாராளுமன்ற அங்கத்தினர் ஒரு மொழியினருக்கு அல்ல, ஒரு தொகுதிக்கே பிரதிநிதி. குடிநீர், ரயில் வசதி, குழந்தைகளுக்குத் தாய்மொழிக் கல்வி ஆகியவை பற்றி நாம் முறையிட வேண்டியது, நாம் வாழும் தொகுதியின் அங்கத்தினரிடம்தான். அவர் நம் மொழியை அறியாதிருக்கலாம். நம் வாக்கை அறியாதிருக்க மாட்டார்.

அந்த வாக்கு பட்டியலில் இருத்தல் வேண்டும். 1950-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி, ஒருவர் வழக்கமாக வசிக்கும் தொகுதியிலேயே வாக்காளராகப் பதிவு பெறுவார். சொந்த ஊரில் வீடு உண்டு என்பது மட்டும் போதாது. இரு தொகுதிகளில் பெயர் வைத்திருத்தலும் ஆகாது. எனவே புதிய ஊரில் நிலைத்துவிட்ட நாம், அவ்வூரின் வாக்காளர் பதிவு அதிகாரியிடம் விண்ணப்பித்தல் கடமை. நம்மில் பலர் இதைத் தள்ளிப்போட்டு, ஊர்ப் பட்டியலில் பெயரும், இங்கு வாழ்வுமாக இருந்து, ஈரிடத்தும் வாக்களியாமல் காலம் கழிக்கின்றோம்.

மொழியைப் பற்றியும் அச்சம் வேண்டுவதில்லை. ஹிந்தியிலோ ஆங்கிலத்திலோ தம் கருத்தைச் செவ்வனே கூற இயலாத அங்கத்தினரைத் தாய்மொழியில் பேச சபாநாயகர் அனுமதிக்கலாம் என்று அரசியல் சட்டத்தின் 120-ஆம் ஷரத்து கூறுகிறது. சிலரின் குரலுக்கும் சபையில் இடம் உண்டு. அக்குரல் அங்கே சென்று சேர, வாழும் ஊரின் வாக்குச் சாவடிக்கு முதலில் நாம் செல்லவேண்டும்.