வெளிநாட்டில் மீண்டும் வகுப்பறைக்குப் போக வேண்டுமென்றால்

கிழக்கிலங்கையின் வினாயகபுரத்திலோ திருக்கோவிலிலோ கல்முனையிலோ பல வருடம் படிப்பித்துவிட்டு, பிள்ளைகளோடு வெளிநாடு போன ஆசிரியர்கள் பலர் அங்கே களஞ்சியத்தில் பெட்டி அடுக்குகிறார்கள், முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறார்கள். எந்த வேலையும் குறைந்ததில்லை. ஆனால் நல்ல கணித ஆசிரியர் ஒருவர் வகுப்பறைக்குத் திரும்பும் வழி தெரியாததால் மட்டுமே அதைக் கைவிடுகிறார் என்றால், அது நம் எல்லோருக்கும் இழப்பு.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். விசா வேறு, ஆசிரியப் பதிவு வேறு. நிரந்தர வதிவிடம் கிடைத்துவிட்டது என்பதற்காகப் பாடசாலையில் சேர்க்கமாட்டார்கள். கனடாவில் கல்வி மாகாணத்தின் கையில் இருக்கிறது. நம்மவர்கள் கூடுதலாக வாழும் ஒன்ராறியோவில், அரச நிதியில் நடக்கும் பாடசாலையில் படிப்பிக்க ஒன்ராறியோ ஆசிரியர் கல்லூரியில் பதிவு வேண்டும். பெயரில் கல்லூரி என்று இருந்தாலும் அது படிக்கும் இடமல்ல, ஆசிரியத் தொழிலை ஒழுங்குபடுத்தும் சபை. அது ஒரு பட்டத்தையும் அதற்கு மேல் ஆசிரியப் பயிற்சியையும் கேட்கும். 2015இல் அங்கே ஆசிரியப் பயிற்சி நான்கு அரையாண்டுகளாக நீட்டப்பட்டது. உங்கள் பயிற்சி அதைவிடக் குறுகியது என்றால் கதவு மூடிவிட்டது என்று நினைக்கவேண்டாம். நிபந்தனையோடு பதிவு தந்து, குறைந்த பாடங்களைப் பிறகு முடிக்கச் சொல்லும் ஏற்பாடும் இருக்கிறது.

அவுஸ்திரேலியாவில் ஆசிரியராகக் குடியேற விரும்புவோரின் தகைமையை மதிப்பிடுவது எய்ட்சில் என்ற நிறுவனம். அது மொத்தம் நான்கு வருட உயர்கல்வி, அதில் ஒரு வருட ஆசிரியப் பயிற்சி, குறைந்தது 45 நாள் மேற்பார்வையோடு கூடிய கற்பித்தல் பயிற்சி கேட்கிறது. அட்டாளைச்சேனையில் உள்ளது போன்ற தேசிய கல்வியியற் கல்லூரியின் மூன்று வருட டிப்ளோமா மட்டும் இந்தக் கணக்குக்குப் போதாது. மூன்று வருடப் பட்டமும் ஒரு வருடப் பட்டப்பின் கல்வி டிப்ளோமாவும் இருந்தால் கணக்குச் சரிவரும். ஆனால் எத்தனை நாள் கற்பித்தல் பயிற்சி செய்தீர்கள் என்பது கடிதத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். அதைக் கேட்டு வாங்க நம்மில் பலருக்குத் தோன்றுவதேயில்லை.

என் பார்வையில், பட்டத்தைவிடப் பெரிய தடை மொழிதான். குறிப்பிட்ட சில ஆங்கிலம் பேசும் நாடுகளில் உயர்கல்வி பெறாதவரிடம் எய்ட்சில் கேட்கும் ஐஈஎல்டிஎஸ் என்ற ஆங்கிலப் பரீட்சைப் புள்ளி வாசிப்பிலும் எழுத்திலும் 7, பேச்சிலும் கேட்டலிலும் 8. கேட்டல் பரீட்சையில் ஒலிப்பதிவு ஒரு தடவைதான் ஓடும். நாற்பது கேள்வி, நான்கு பகுதி. ஒரு சொல் தவறினால் திரும்பக் கேட்க வழியில்லை. பேச்சுப் பரீட்சை 11 முதல் 14 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். இலக்கணம் கரைத்துக் குடித்தவர்கள்கூட இந்த இரண்டிலும்தான் விழுகிறார்கள், ஏனென்றால் நாம் ஆங்கிலத்தை வாசித்து வளர்ந்தோம், பேசி வளரவில்லை. ஊரில் இருக்கும்போதே இதைத் தொடங்கலாம். ஒரு வருடம் தினமும் காதுக்கும் வாய்க்கும் வேலை கொடுங்கள்.

அடுத்தது காகிதம். பெறுபேற்று விபரத்தைப் பல்கலைக்கழகமே நேராக அனுப்ப வேண்டும் என்று வெளிநாட்டுச் சபைகள் கேட்பதுண்டு. அப்படிக் கேட்கும் சபை உங்கள் கையிலுள்ள போட்டோப் பிரதியை ஏற்காது. நியமனக் கடிதம், சேவையை உறுதிப்படுத்தி வலயக் கல்வி அலுவலகம் தரும் கடிதம், எந்த வகுப்புக்கு எந்தப் பாடம் படிப்பித்தீர்கள் என்று அதிபர் தரும் கடிதம், இவற்றை விமானம் ஏறுமுன் எடுத்துவிடுங்கள். ஏற்கனவே காகிதத்தை இழந்தவர்களும் உண்டு. 2004 டிசம்பர் 26 சுனாமியில் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். உயிர் தப்பிய எத்தனையோ பேரின் சான்றிதழ்களைக் கடல் கொண்டுபோனது. அப்படித் தொலைந்த சாதாரணதர, உயர்தரப் பெறுபேறுகளைப் பரீட்சைத் திணைக்களத்தில் மீண்டும் பெறலாம். இன்னொன்று, அரச சேவையிலுள்ளவர் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டால் பதவியை வறிதாக்கியவராகிவிடுவார். பிறகு நற்சான்றுக்கு யாரிடம் போவது? முறைப்படி விடுமுறை எடுத்தோ விலகியோ போங்கள்.

அகதியாகப் போனவரின் நிலை வேறு. எந்த அரசிடமிருந்து தப்பினாரோ அதே அரசின் அலுவலகத்திலிருந்து கடிதம் கேட்பது நியாயமல்ல. 1997இல் உருவான லிஸ்பன் உடன்படிக்கை, ஆவணம் காட்ட முடியாத அகதியின் தகைமையையும் மதிப்பிட வழிசெய்ய வேண்டும் என்று அதில் இணைந்த நாடுகளைக் கட்டுப்படுத்துகிறது. ஆகவே 'ஆவணம் இல்லை' என்று பேசாமல் இருந்துவிடாமல், மாற்று வழி உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். 2016இல் ஜேர்மனியின் பொட்ஸ்டாம் பல்கலைக்கழகம் அகதி ஆசிரியர்களுக்கென்றே ஒரு பயிற்சியைத் தொடங்கியது. தீவிர ஜேர்மன் மொழி வகுப்பு, கூடவே உள்ளூர்ப் பாடசாலையில் அனுபவம். அதே வருடம் சுவீடன், ஆசிரியர்களாக இருந்து வந்தவர்களுக்கு விரைவுப் பாதை திறந்து, முதற்கட்ட வகுப்புகளை அரபியிலேயே நடத்தியது. தமிழருக்கு இப்படி ஒன்று வரவில்லையே என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

இலங்கை அகதிகள் வாழும் தமிழ்நாட்டு முகாம்களில் நிலைமை இன்னும் கடினம். 1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. முகாமில் பிறந்து, பி.எட். முடித்த இளைஞருக்கும் குடியுரிமை இல்லாததால் அரசுப் பள்ளிக் கதவு திறப்பதில்லை. 2021இல் 'அகதிகள் முகாம்' என்ற பெயர் 'மறுவாழ்வு முகாம்' ஆயிற்று, வீடுகளும் உதவியும் கூடின, அவை நல்லவை. குடியுரிமை மட்டும் இன்னும் தூரத்திலேயே நிற்கிறது. இந்த நிலையிலும் படித்த அகதி இளைஞர்களே முகாம் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுத்துவந்திருக்கிறார்கள். 1984இல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் அதற்குத் துணைநின்றது.

பதிவு கிடைக்கும்வரை சும்மா இருக்கத் தேவையில்லை. வகுப்பறை உதவியாளர் வேலை, சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு, மதிய உணவு நேர மேற்பார்வை எல்லாம் அந்நாட்டுப் பாடசாலை எப்படி மூச்சுவிடுகிறது என்று காட்டும். சில நாடுகளில் பிள்ளை ஆசிரியரைப் பெயர் சொல்லிக் கூப்பிடலாம், எதிர்க்கேள்வி கேட்கலாம், அடிப்பது குற்றம். இதை உள்ளே நின்று பழகியவருக்கு நேர்முகத்தில் பேச விஷயம் இருக்கும். உள்ளூர் அதிபர் ஒருவரின் பரிந்துரையும் கிடைக்கும்.

விதிகளும் புள்ளிகளும் அடிக்கடி மாறுகின்றன. முகவருக்குக் காசு கட்டுமுன், போகும் நாட்டு ஆசிரியர் சபையின் இணையத்தளத்தை நீங்களே வாசியுங்கள். அது பொதுமக்களுக்காக எழுதப்பட்டது, வாசிக்கக் காசில்லை.