தப்பியோடும் பொருளாதாரக் குற்றவாளிகளும் குடியேற்றத் துறையின் கடமையும்

பொதுத்துறை வங்கிகளில் திரண்டுள்ள பணம் யாருடையது? சிறுசேமிப்பாளர், ஓய்வூதியர், உழவர், சிறு வணிகர் ஆகியோர் நம்பிக்கையுடன் ஒப்படைத்த பணமே அது. அப்பணத்தைக் கடனாகப் பெற்ற ஒருவர் திருப்பிச் செலுத்தாமல் நாட்டை விட்டு வெளியேறும்போது இழப்பு வங்கியோடு நின்றுவிடுவதில்லை. வங்கியின் மூலதனத்தை ஈடுசெய்ய அரசின் வரவு செலவுத் திட்டத்திலிருந்து நிதி ஒதுக்க நேர்கிறது. பள்ளிக்கும் பாசனத்துக்கும் சென்றிருக்க வேண்டிய தொகை அவ்வாறு திசை மாறுகிறது. எனவே, செல்வந்தர் ஒருவர் நீதியின் பிடியிலிருந்து தப்புவதைக் காவல்துறைச் செய்தியாக மட்டும் கருதலாகாது. அது வளர்ச்சிப் பொருளாதாரம் சார்ந்த சிக்கலும் ஆகும்.

இத்தகையோர் விமான நிலையத்தைக் கடந்து செல்லும்போது அங்குள்ள குடியேற்றத் துறை அதிகாரி ஏன் தடுக்கவில்லை என்ற வினா ஒவ்வொரு முறையும் எழுகிறது. அவ்வதிகாரியின் அதிகாரம் எது, அதன் எல்லை எது என்பதைத் தெளிவுபடுத்துவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இருவகை எல்லைகள்

கேரள மாநிலம் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டியுள்ள முதலமடையை எடுத்துக்கொள்வோம். மாந்தோப்புகளுக்குப் பெயர்பெற்ற ஊராட்சி இது. நாட்டின் பல பகுதிகளுக்கு முந்தி, ஆண்டின் தொடக்கத்திலேயே இங்கிருந்து மாங்காய் வடநாட்டுச் சந்தைகளுக்குச் செல்கிறது. பொள்ளாச்சிக்கும் இவ்வூருக்கும் இடையே மக்கள் நாள்தோறும் போய்வருகின்றனர். இதே ஊராட்சியில் அடங்கிய பரம்பிக்குளத்துக்கு வழக்கமான சாலையில் செல்வதானால், தமிழ்நாட்டிற்குள் நுழைந்து சேத்துமடை, டாப்சிலிப் வழியாகவே செல்ல வேண்டும். இங்கே யாரும் கடவுச்சீட்டுக் கேட்பதில்லை. இந்திய நாட்டெல்லைக்குள் தடையின்றி நடமாடும் உரிமையை அரசியலமைப்பின் 19ஆம் பிரிவு குடிமக்களுக்கு வழங்கியுள்ளது.

இத்தகைய ஊரில் கடன் வாங்கிய தோப்புக்காரர் ஒருவர் தவணை தவறினால் என்ன நிகழும்? 1968ஆம் ஆண்டின் கேரள வருவாய் மீட்புச் சட்டத்தின்படி, நிலவரி நிலுவையை வசூலிப்பது போன்றே கடன் நிலுவையும் வசூலிக்கப்படலாம். அவர் மாநில எல்லையைக் கடந்து பொள்ளாச்சிக்குச் சென்றாலும் அவருடைய தோப்பு முதலமடையிலேயே இருக்கும். சிறு கடனாளியின் சொத்து அசையாதது. பெருங் கடனாளியின் சொத்தோ பல நாடுகளின் நிறுவனங்கள், அறக்கட்டளைகள், வங்கிக் கணக்குகள் ஆகியவற்றில் பரவிக் கிடப்பது. சட்டம் இருவருக்கும் ஒன்றே. ஆனால் அது எட்டும் தொலைவு ஒன்றன்று. இந்த ஏற்றத்தாழ்வே நம் பொருளின் மையம்.

முன்னைய அனுபவங்கள்

இது புதிய நோயன்று. 1961இல் ஜெயந்தி கப்பல் நிறுவனத்தைத் தோற்றுவித்த தர்ம தேஜா, அரசுக் கடனுதவியுடன் தொழிலை விரிவுபடுத்தினார். முறைகேடுகள் வெளிப்பட்டபோது அவர் வெளிநாட்டில் இருந்தார். பிரிட்டனிலிருந்து 1971இல் ஒப்படைக்கப்பட்டு, 1972இல் தண்டிக்கப்பட்டார்.

போபால் நச்சுவாயுப் பேரழிவுக்குப்பின், யூனியன் கார்பைடு நிறுவனத் தலைவர் வாரன் ஆண்டர்சன் 1984 டிசம்பர் 7 அன்று போபாலில் கைது செய்யப்பட்டார். அன்றே பிணையில் விடுவிக்கப்பட்டு, மாநில அரசின் விமானத்திலேயே தில்லிக்கு அனுப்பப்பட்டு, நாட்டை விட்டு வெளியேறினார். 1992இல் நீதிமன்றம் அவரைத் தலைமறைவானவர் என அறிவித்தது. ஒப்படைக்கும்படி 2003இல் இந்தியா விடுத்த கோரிக்கையை அமெரிக்கா ஏற்கவில்லை. விசாரணையைச் சந்திக்காமலேயே 2014இல் அவர் காலமானார். ஒரே நாளில் திறந்துவிடப்பட்ட கதவை முப்பது ஆண்டுகளில் மூட இயலவில்லை.

மல்லையா வழக்கு காட்டும் பாடம்

கிங்ஃபிஷர் விமான நிறுவனம் 2012 அக்டோபரில் பறப்பதை நிறுத்தியது. பாரத ஸ்டேட் வங்கியின் தலைமையிலான 17 வங்கிகளுக்கு அது செலுத்த வேண்டிய தொகை, வட்டியுடன் சுமார் 9,000 கோடி ரூபாய் எனக் கூறப்பட்டது. நிறுவனத்தின் தலைவர் விஜய் மல்லையா அப்போது மாநிலங்களவை உறுப்பினர். தூதரகக் கடவுச்சீட்டு உடையவர்.

2015 அக்டோபரில் மத்தியப் புலனாய்வுத் துறை, அவர் வெளியேற முயன்றால் தடுத்து நிறுத்துமாறு சுற்றறிக்கை பிறப்பித்தது. நவம்பரில் அது மாற்றப்பட்டது. தடுக்க வேண்டியதில்லை, அவருடைய பயணம் குறித்துத் தகவல் தந்தாற் போதும் என்று அறிவிக்கப்பட்டது. 2016 மார்ச் 2 அன்று அவர் தில்லியிலிருந்து லண்டனுக்குச் சென்றார். வங்கிகளின் மனு மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றத்தில் விசாரணைக்கு வந்தபோது, அவர் ஏற்கெனவே வெளியேறிவிட்டதாக அரசின் தலைமை வழக்கறிஞர் தெரிவித்தார்.

இங்குக் கருத வேண்டியது யாது? விமான நிலைய அதிகாரியின் கையிலிருந்த ஆணை ‘தகவல் தருக’ என்பதே. ‘தடுத்து நிறுத்துக’ என்ற ஆணை திரும்பப் பெறப்பட்டபின், அவர் தாமாகத் தடுத்திருந்தால் அச்செயல் சட்டத்தின் முன் நில்லாது. கதவின் பிழையென மக்கள் கருதியது, கதவுக்குரிய ஆணையை எழுதிய இடத்தில் நேர்ந்த பிழையாகும்.

பஞ்சாப் நேஷனல் வங்கியின் மும்பைக் கிளையில் நிகழ்ந்த மோசடி வேறொரு குறையைக் காட்டியது. முறையான ஈடின்றி வழங்கப்பட்ட பொறுப்பேற்புக் கடிதங்களின் வாயிலாக 13,000 கோடி ரூபாய்க்கு மேல் இழப்பு ஏற்பட்டது. வங்கி தன் முதற்புகாரை 2018 ஜனவரி 29 அன்று அளித்தது. நீரவ் மோடியோ ஜனவரி 1 அன்றே நாட்டை விட்டுச் சென்றுவிட்டார். அவருடைய உறவினர் மெகுல் சோக்சியும் அதே மாதத் தொடக்கத்தில் வெளியேறினார். 2017இலேயே அவர் ஆன்டிகுவா நாட்டின் குடியுரிமையைப் பெற்றிருந்தார். புகாரே இல்லாத நாளில் குடியேற்ற அதிகாரி யாரைத் தடுப்பார்?

சட்டம் சொல்வது என்ன?

வெளிநாடு செல்லும் உரிமை, அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு காக்கும் தனிமனித சுதந்திரத்தின் ஒரு பகுதி என்று உச்ச நீதிமன்றம் 1967இல் சத்வந்த் சிங் சாஹ்னி வழக்கில் தீர்ப்பளித்தது. அதன் விளைவாகவே அவ்வாண்டில் கடவுச்சீட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. அவ்வுரிமையைப் பறிக்கும் நடைமுறை நேர்மையானதாகவும் நியாயமானதாகவும் இருக்க வேண்டும் என்று 1978இல் மேனகா காந்தி வழக்கு வலியுறுத்தியது. ஆகவே ஐயம் ஒன்றையே காரணமாகக் கொண்டு எவரையும் தடுக்க இயலாது.

‘லுக்-அவுட் சுற்றறிக்கை’ எனப்படும் தேடுதல் அறிக்கையே அதிகாரியின் கைக்கருவி. இதற்கான உள்துறை அமைச்சகத்தின் அறிவுறுத்தல்கள் 1979 முதல் வழக்கில் உள்ளன. தில்லி உயர் நீதிமன்றத்தின் தீர்ப்புகளை ஒட்டி 2010இல் அவை திருத்தி அமைக்கப்பட்டன. அவற்றின் சாரம் இது: காவல்துறை தானே கைது செய்யத்தக்க குற்றம் பற்றிய வழக்கில், கைதுக்கோ விசாரணைக்கோ வராமல் நழுவுபவரைத் தடுத்து நிறுத்துமாறு கோரலாம். பிற வழக்குகளில் அவருடைய வருகை, புறப்பாடு பற்றிய தகவலை மட்டுமே கோரலாம். கோரிக்கை குறிப்பிட்ட நிலைக்குக் குறையாத அதிகாரியிடமிருந்து வர வேண்டும். அதற்குரிய பொறுப்பு கோரிய துறையையே சாரும். குடியேற்றப் பணியகம் அதனைச் செயற்படுத்தும் அமைப்பாகும்.

நாட்டின் பொருளாதார நலனுக்கு ஊறு விளைவிப்போரும் 2017இல் இதன் வரம்பிற்குள் கொண்டுவரப்பட்டனர். 2018இல் பொதுத்துறை வங்கித் தலைவர்களும் இத்தகைய கோரிக்கை விடுக்கலாம் என்றாயிற்று. ஆனால், கடன் கொடுத்தவரே கடனாளியின் பயண உரிமையைத் தடுக்கும் இந்த ஏற்பாடு செல்லாது என்று 2024 ஏப்ரலில் பம்பாய் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வங்கிகள் நீதிமன்றத்தை நாடித் தடையாணை பெறும் வழி திறந்தே உள்ளது. 2025 செப்டம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்த குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம், பழைய நான்கு சட்டங்களுக்கு மாற்றாக அமைந்து, குடியேற்றப் பணியகத்துக்குச் சட்ட அடிப்படை அளித்துள்ளது.

சென்றவரை மீட்டல்

வெளியேறியவரைத் திரும்பக் கொணர்வது நெடும்பயணம். 1962ஆம் ஆண்டின் ஒப்படைப்புச் சட்டமும் நாடுகளுக்கிடையிலான உடன்படிக்கைகளும் இதற்கு அடிப்படை. பிரிட்டனுடன் இந்தியா 1992இல் உடன்படிக்கை செய்துகொண்டது. குற்றஞ்சாட்டப்பட்ட செயல் இரு நாடுகளிலும் குற்றமாக இருத்தல் வேண்டும். சிறைச்சூழலும் மனித உரிமையும் ஆராயப்படும். மும்பை ஆர்தர் சாலைச் சிறை அறையின் ஒளிப்படப் பதிவையே லண்டன் நீதிமன்றத்துக்கு அளிக்க நேர்ந்தது. மல்லையாவை ஒப்படைக்கலாம் என வெஸ்ட்மின்ஸ்டர் நீதிமன்றம் 2018 டிசம்பரில் கூறியது; அவருடைய மேல்முறையீடு 2020இல் தள்ளுபடியாயிற்று. நீரவ் மோடியின் மேல்முறையீடு 2022இல் தள்ளுபடியாயிற்று. ஆயினும் அதன் பின்னரும் ஒப்படைப்பு ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போயிற்று. சோக்சி 2025 ஏப்ரலில்தான் பெல்ஜியத்தில் கைதானார்.

ஆள் வாராவிடினும் சொத்தை மீட்கும் நோக்குடன் 2018இல் தலைமறைவுப் பொருளாதாரக் குற்றவாளிகள் சட்டம் இயற்றப்பட்டது. 100 கோடி ரூபாய்க்குக் குறையாத குற்றத்தில் கைது ஆணை பிறப்பிக்கப்பட்டிருந்து, வழக்கைத் தவிர்க்க நாட்டை விட்டு வெளியேறியவரை, அல்லது திரும்ப மறுப்பவரை, சிறப்பு நீதிமன்றம் அவ்வாறு அறிவித்து அவர் சொத்துக்களைப் பறிமுதல் செய்யலாம். 2019 ஜனவரியில் இவ்வாறு அறிவிக்கப்பட்ட முதல் மனிதர் மல்லையா. அவருடைய சொத்துக்களிலிருந்து 14,131 கோடி ரூபாய் பொதுத்துறை வங்கிகளிடம் சேர்க்கப்பட்டுள்ளதாக 2024 டிசம்பரில் நிதியமைச்சர் நாடாளுமன்றத்தில் தெரிவித்தார். தாம் பட்ட கடனுக்கும் மேலாக மீட்கப்பட்டுவிட்டது என்பது மல்லையாவின் வாதம். ஆனால் கடன் தீர்வது வேறு. குற்றச்சாட்டுக்கு விடையளிப்பது வேறு.

பிற நாடுகளில்

ஜப்பானில் பிணையில் இருந்த நிசான் நிறுவன முன்னாள் தலைவர் கார்லோஸ் கோன், 2019 டிசம்பர் இறுதியில் ஒரு பெட்டிக்குள் ஒளிந்து தனியார் விமானத்தில் தப்பி லெபனான் சென்றடைந்தார். சாதாரணப் பயணிக்குரிய கடுமையான சோதனை தனியார் விமானப் பயணிகளுக்கு இல்லாததே அவருக்கு வழியாயிற்று. இலங்கையில் 2015ஆம் ஆண்டுப் பிணைமுறி வழங்கல் தொடர்பாகத் தேடப்படும் முன்னாள் மத்திய வங்கி ஆளுநர் அர்ஜுன மகேந்திரன் சிங்கப்பூர்க் குடிமகன். அவரைக் கொணர அந்நாடு செய்த முயற்சி ஆண்டுகள் பல நீண்டுள்ளது. செல்வம் வாங்கித் தரும் வசதிகளில் இரண்டாம் கடவுச்சீட்டும் ஒன்று என்பதைச் சோக்சியின் வரலாறும் உணர்த்துகிறது.

செய்ய வேண்டுவன

மேற்கூறியவற்றிலிருந்து சில முடிவுகள் பெறப்படும்.

முதலாவது, வங்கிகள் மோசடியைக் கண்ட உடனேயே புகார் அளித்தல் வேண்டும். தாமதமாகும் ஒவ்வொரு நாளும் ஒரு விமானம் புறப்படும் நாளே.

இரண்டாவது, தடுக்கும் ஆணையைத் தகவல் ஆணையாகத் தளர்த்தும்போது, அதற்கான காரணத்தைக் கோப்பில் பதிவு செய்து, மேல்நிலை அதிகாரியின் ஒப்புதலைப் பெற வேண்டும்.

மூன்றாவது, தகவல் ஆணையின்படி செய்தி வந்தவுடன் செயற்படத்தக்க அதிகாரி இரவும் பகலும் ஆயத்தமாக இருக்க வேண்டும். விமானம் மேலெழுந்தபின் கிட்டும் தகவல் வரலாற்றுக் குறிப்பாகவே பயன்படும்.

நான்காவது, தூதரகக் கடவுச்சீட்டு உடையவருக்கும் தனியார் விமானத்தில் செல்பவருக்கும் சோதனையில் சலுகை கூடாது.

ஐந்தாவது, இவ்வதிகாரம் எளியவர் மீது பாயலாகாது. வளைகுடா நாட்டில் வேலைக்குப் புறப்படும் தொழிலாளி, பெயர் ஒற்றுமையாலோ, முடிந்துபோன வழக்கின் நீக்கப்படாத சுற்றறிக்கையாலோ தடுக்கப்பட்டால், அவர் இழப்பது ஒரு பயணச்சீட்டை மட்டுமன்று, வேலையையே இழக்கக்கூடும். ஆகவே சுற்றறிக்கைகளைக் காலந்தோறும் மறுஆய்வு செய்து, தேவையற்றவற்றை நீக்குவதும் கடமையே.

குடியேற்ற அதிகாரி நீதிபதி அல்லர், புலனாய்வாளரும் அல்லர். நாட்டின் வாயிலில் நின்று, பிறர் எழுதிய ஆணையை நிறைவேற்றுபவர். அவ்வாணை காலத்தில் எழுதப்பட்டு, தெளிவாகவும் சட்டத்துக்கு உட்பட்டும் இருந்தால், அவருடைய காவல் பயன் தரும். முதலமடையின் தோப்புக்காரருக்குப் பொருந்தும் நீதி, பல நாடுகளில் மாளிகை உடையவருக்கும் பொருந்துமென மக்கள் நம்பும்போதுதான் கடனைத் திருப்பிச் செலுத்தும் ஒழுங்கும், வங்கிகள் மீதான நம்பிக்கையும், அவற்றின்வழி வளர்ச்சியும் நிலைபெறும்.