மடியில் இருந்த கத்தி

1979இல் அத்தி வரதரைப் பார்க்க முசரவாக்கத்திலிருந்து அப்பா என்னை சைக்கிள் பாரில் உட்காரவைத்து காஞ்சிபுரத்துக்கு அழைத்துப் போனார். எனக்கு எட்டு வயது. நாற்பது ஆண்டுக்கு ஒருமுறை அனந்தசரஸ் குளத்திலிருந்து எழுந்து வரும் பெருமாள். ஆனால் எனக்கு இன்று ஞாபகம் இருப்பது கூட்டத்தில் யாரோ ஒருவரின் ஈர வேட்டி, துளசி வாசனை, அப்பாவின் தோள் இவ்வளவுதான். வெளியே வந்த பிறகு நடந்ததோ அப்படியே கண்ணில் நிற்கிறது. தெருவோரம் சாக்கு விரித்து ஒருவர் கடை போட்டிருந்தார். பாக்குவெட்டி, முள்வாங்கி, குறும்பி வாங்கி, ஒரு ஓரத்தில் மடக்குக்கத்திகள்.

அப்பா குந்தி உட்கார்ந்துவிட்டார். ஒவ்வொரு கத்தியாக எடுத்துத் திறப்பார், மூடுவார், காதோரம் வைத்து மறுபடி மூடுவார். அலகைப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்ப்பார். வெயிலுக்கு நேரே பிடித்து, பிடிக்கும் அலகுக்கும் நடுவே வெளிச்சம் வருகிறதா என்று ஒற்றைக் கண்ணால் நோக்குவார். கட்டைவிரல் நகத்தின்மேல் அலகின் வாயை வைத்து, வழுக்குகிறதா பிடிக்கிறதா என்று பார்ப்பார். பதினைந்து கத்தி தாண்டியிருக்கும். கடைக்காரர் பொறுமை இழந்தார். “அண்ணே, மாடு வாங்குற மாதிரி பல்லைப் புடிச்சிப் பாக்குறீங்களே!”

“இதுவும் பத்து வருசம் உழைக்கணும் இல்ல?” என்றார் அப்பா.

நாற்பது வருடத்துக்கு மேல் உழைத்தது. அப்பா போன பிறகும் உழைக்கிறது. மூன்று விரல் நீள அலகு, பித்தளைக் குமிழ், ஏதோ கறுப்பு மரத்தில் பிடி. விலாசம், பேர் எதுவும் கிடையாது. வாங்கும்போது ஒரு விரல் அகலம் இருந்த அலகு தேய்ந்து தேய்ந்து இன்று வேப்பிலை மாதிரி ஆகிவிட்டது.

அது குடியிருந்த இடம் அப்பாவின் மடி. இன்னும் சரியாகச் சொன்னால், அரைஞாண் கயிற்றில் முடிந்த ஒரு நூல்வளையம், அதில் கத்தி, அதற்கு மேல் வேட்டிச் சுருட்டு. காலையில் வேப்பங்குச்சி ஒடிக்க வெளியே வரும். பிறகு தறியில் இழை அறுந்த இடத்தில் முடிச்சின் வால் நறுக்க. தறிக்கயிறு நைந்துபோனால் புதுக்கயிறு வெட்ட. மதியம் கழனியில் யூரியா மூட்டையின் தையலைப் பிரிக்க, வைக்கோல் பிரியை அறுக்க, பம்புசெட்டு வயரின் தோலைச் சீவ. சாயங்காலம் மாங்காய். இரவு படுக்குமுன் அதே கத்தியால் காலில் ஏறிய கருவேல முள்ளைக் கிளறி எடுப்பார். நடுவில் எங்கே கழுவினார் என்று யாரும் கேட்டதில்லை, நானும் இன்றைக்கு யோசிக்காமல் இருப்பது நல்லது.

அந்தக் காலத்தில் ‘கத்தி வைத்திருக்கிறான்’ என்றால் உழைக்கிற ஆள் என்று பொருள். இன்று அதே வாக்கியம் பத்திரிகையில் வந்தால் அடுத்த வரியில் காவல் நிலையத்தின் பெயர் இருக்கும். அன்றைக்கும் இன்றைக்கும் நடுவே கத்தியை விட இந்த வாக்கியம்தான் அதிகம் மாறிப்போயிருக்கிறது.

மடியில் கத்தி வைப்பது உழவனும் நெசவாளியும் மட்டும் கொண்ட வழக்கம் அல்ல. ஓலையில் எழுதியவர்களிடம் மடக்கெழுத்தாணி இருந்தது. ஒரே பிடிக்குள் ஒரு பக்கம் எழுதும் ஆணி, இன்னொரு பக்கம் ஓலையை வாரவும் நறுக்கவும் சின்னக் கத்தி. இரண்டும் மடங்கி உள்ளே போய்விடும். பல வேலைக் கத்தி என்று இன்று கடையில் விற்பதற்கு நம்மூர்ப் பாட்டன் அதுதான். ஓலை போய்க் காகிதம் வந்தபோது கூடவே வந்த சொல் பேனாக்கத்தி. ‘பேனா’ போர்த்துகீசியச் சொல்; அங்கே அதற்கு இறகு என்று பொருள். வாத்து இறகின் முனையைச் சீவ வைத்திருந்த கத்தி என்பதால் அந்தப் பெயர். இறகு போயிற்று, மைப்பேனாவும் ஏறக்குறைய போயிற்று, கத்தி மட்டும் அந்தப் பெயரைச் சுமந்துகொண்டு திரிகிறது.

பேனாக்கத்தி பற்றி எனக்குப் பிடித்த சேதி ஒன்று உண்டு. தென்னிந்தியாவில் மண் மூசைகளில் இரும்பை உருக்கிச் செய்த எஃகு, ‘வூட்ஸ்’ என்ற பெயரில் லண்டன் போய்ச் சேர்ந்தது. உருக்கு என்ற சொல்தான் அப்படித் திரிந்தது என்கிறார்கள். 1795இல் ஜார்ஜ் பியர்சன் என்ற மருத்துவர் அதை ஆராய்ந்து ராயல் சொசைட்டியில் கட்டுரை படித்தார். அதற்காக ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற கத்திக்காரர் அந்த எஃகில் ஒரு துண்டை அடித்துச் செய்து பார்த்தது வாளும் அல்ல, ஈட்டியும் அல்ல, ஒரு பேனாக்கத்தி. நல்ல எஃகோடு போட்டி போட்டு அது ஜெயித்தது. ஸ்டோடார்ட் மைக்கேல் ஃபாரடேயோடு சேர்ந்து எஃகு ஆராய்ச்சி செய்ததெல்லாம் அதற்குப் பின்னால்.

எங்கள் பக்கத்தில் எஃகு என்றால் கருமான் பட்டறை. லாரியின் ஸ்பிரிங் பட்டை ஒடிந்துபோனால் அதை வாங்கி வைத்துக்கொள்வார்கள். அரிவாளும் கொடுவாளும் அதிலிருந்துதான் பிறக்கும். துருத்தி ஊதி, பழுக்கக் காய்ச்சி, அடித்து, கடைசியில் தோய்ச்சல். தண்ணீரில் எந்த நிறத்தில் நனைக்கிறார், எவ்வளவு நேரம் வைக்கிறார் என்பதில்தான் எல்லாம். அதிகமானால் கல்லில் பட்டதும் வாய் உதிரும், குறைந்தால் மடங்கும். எங்கள் அப்பாவின் மடக்குக்கத்தி கருமான் செய்தது இல்லை என்றாலும் அதன் ஆணி தளர்ந்தபோது ஒரே அடியில் இறுக்கிக் கொடுத்தவர் அவர். கூலியை அறுவடைக்குக் களத்தில் நெல்லாக அளப்பார்கள். அதனால் ‘கத்தியை ரிப்பேர் செய்வதா, புதுசு வாங்குவதா’ என்ற கேள்வியே அன்று எழவில்லை.

பட்டறை எப்போது மூடியது என்று எனக்குத் தேதி சொல்லத் தெரியாது. ஒருநாள் போனால் அங்கே பஞ்சர் கடை இருந்தது. அதற்கு முன்பே மடியில் இருந்த கத்தியின் இடத்தைச் சில்லறைச் சாமான்கள் பங்கு போட்டுக்கொண்டு விட்டன. தறி வீடுகளில் நூல் நறுக்கப் பாதியாக ஒடித்த சவர பிளேடு. எலக்ட்ரீஷியன் பையில், ஒடிந்த ஆக்ஸா பிளேடைச் சாணையில் பிடித்து, ஒரு முனையில் இன்சுலேஷன் டேப் சுற்றிய கத்தி. இந்தக் கடைசியை நான் குறைத்துப் பேசமாட்டேன். செலவில்லாத கத்தி, வயர் சீவ அதற்கு இணை இல்லை. மடக்க முடியாது என்பதுதான் குறை. எத்தனை பேண்ட் பைகளை அது கிழித்திருக்கும்!

பிறகு வந்தது மஞ்சள் பிளாஸ்டிக் கட்டர். தள்ளினால் அலகு வெளியே வரும், மழுங்கினால் முனையை ஒடித்து எறிந்துவிடலாம். 1956இல் ஜப்பானில் ஒகாடா யோஷியோ என்பவர் கண்டுபிடித்தது. சாக்லேட் பலகையை ஒடிக்கிறோமே, அதைப் பார்த்துத் தோன்றியதாம். அவர் தொடங்கிய ஓல்ஃபா கம்பெனியின் பெயருக்கே ‘ஒடிக்கும் அலகு’ என்று பொருள். அட்டைப்பெட்டி உலகத்துக்கு அதைப் போல ஒரு கருவி இல்லை. ஆனால் பச்சைத் தென்னை மட்டையில் கொஞ்சம் திருகினால் ஒடிய வேண்டாத நேரத்தில் ஒடியும், துண்டு எங்கே பறந்தது என்று கண்ணைப் பொத்திக்கொண்டு தேட வேண்டியதுதான். அதைவிடப் பெரிய மாற்றம் ஒன்றை அது சத்தமில்லாமல் செய்தது. கூர் தீட்டுவது என்ற வேலையையே ஒழித்தது. தெருவில் சைக்கிளை ஸ்டாண்டு போட்டு, பெடலை மிதித்துப் பொறி பறக்க விட்ட சாணைக்காரரின் குரல் தேய்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

போன மாதம் அண்ணன் மகன் போனை நீட்டினான். ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. ஞாயிற்றுக்கிழமை கழனிக்கும் வருவான், அது அவன் நல்ல குணம்.

“சித்தப்பா, எந்தக் கத்தி வாங்கலாம்? முரட்டு வேலைக்குத் தாங்கணும். இது டி2 ஸ்டீலாம், அறுபது ராக்வெல்.”

அறுபது என்பது கெட்டித்தன்மையின் அளவு. ராணுவத்துக்காக 1891 முதல் கத்தி செய்து வந்த, சிவப்புப் பிடிக்காரர்களான சுவிஸ் விக்டோரினாக்ஸின் அலகுகூட ஐம்பத்தாறு பக்கம்தான் இருக்கும். டி2 மழுங்க நாளாகும், உண்மை. மழுங்கிய பிறகு? சாதாரணக் கல்லில் அரைமணி நேரம் தேய்த்தாலும் ‘வாய்’ வராது. அவனிடம் கேட்டேன், “கூர் போனா யார்கிட்டே கொடுப்பே?” அவன் யோசித்துவிட்டு, “யூடியூப்ல பாத்துக்கலாம்” என்றான்.

அப்போதுதான் அப்பா சாக்குக்கடையில் எதைத் தேடினார் என்று எனக்குப் பிடிபட்டது. நகத்தில் வைத்துப் பார்த்தது கூர்மையை மட்டும் அல்ல. அலகு ரொம்பக் கெட்டியோ என்றும் பார்த்திருப்பார். கிணற்று மேட்டுக் கல்லில் நாலு தேய்ப்பில் கூர் வருகிற கத்திதான் அவருக்கு உழைக்கிற கத்தி. அவர் வாங்கியது கத்தியும் கல்லும் சேர்ந்த ஜோடி. நாம் கத்தியை மட்டும் வாங்குகிறோம்.

அதனால் அவனுக்கு நான் சொன்னது இதுதான். மூன்று அங்குல அலகு போதும். பின்புறம் இரண்டரை, மூன்று மில்லிமீட்டர் கனம் இருக்கட்டும். திறந்தபின் அசையாத பூட்டு கண்டிப்பாக வேண்டும். பூட்டில்லாத கத்தியால் குத்தித் துளை போடும்போது அலகு மடங்கி விரலில்தான் வந்து உட்காரும். என் ஆள்காட்டி விரலில் அதற்குச் சாட்சி இருக்கிறது, அப்பாவின் கத்தி கொடுத்ததுதான். பல் வைத்த வாய் வேண்டாம், கயிற்றை நன்றாக அறுக்கும், ஆனால் நம் கல்லில் தீட்ட முடியாது. ஆணி அடித்த கத்தியைவிடத் திருகு வைத்தது நல்லது. சேறு புகுந்தால் கழற்றிக் கழுவலாம், தளர்ந்தால் கருமானைத் தேட வேண்டாம்.

எஃகு விஷயத்தில் நான் ஒரு படி இறங்கி வந்தேன். அப்பாவின் கத்தி கார்பன் எஃகு. எலுமிச்சை அறுத்தால் கறுக்கும், உர மூட்டையில் பட்டு இரண்டு நாள் விட்டால் துரு பூக்கும். 1913இல் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி பன்னிரண்டு, பதின்மூன்று சதவீதம் குரோமியம் சேர்த்துத் துருப்பிடிக்காத எஃகு செய்த பிறகு அந்தத் தொல்லை குறைந்தது. வேர்வை, பொட்டாஷ், மழை மூன்றும் சேர்கிற கழனிக்கு சாதாரண ஸ்டெயின்லெஸ் கத்தியே மேல், தினமும் துடைத்து எண்ணெய் தொட்டு வைக்கிறவனாக இருந்தாலொழிய. அழகுக்காக அவன் காட்டிய பிரெஞ்சுக்காரரின் ஓபினெல்லும் நல்ல கத்திதான். 1890 முதல் வருகிறது, 1955இல் வளையப் பூட்டும் வைத்தார்கள். ஆனால் மரப்பிடி தண்ணீர் குடித்து ஊதினால் அலகைத் திறக்கவே பல்லால் இழுக்க வேண்டும். நாற்றங்காலுக்கு ஆகாது.

கல்லுக்கு அலைய வேண்டியதில்லை. ஒரு பக்கம் சொரசொரப்பு, மறுபக்கம் நைஸ் என்று இரண்டு முகமுள்ள கார்பரண்டம் கல் இரும்புக்கடையில் கிடைக்கும். அந்தப் பெயரில் கம்பெனியே 1954 முதல் சென்னையில் இருக்கிறது.

“இதைப் பையிலே வச்சிட்டுப் போனா போலீஸ் புடிக்குமா சித்தப்பா?”

1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் விதிகள், அலகு ஒன்பது அங்குலத்தைவிட நீளமாகவோ இரண்டு அங்குலத்தைவிட அகலமாகவோ போனால்தான் கத்தியை ஆயுதப் பட்டியலில் சேர்க்கின்றன. அதிலும் வீட்டு, விவசாய, தொழில் கருவிகளுக்கு விலக்கு உண்டு. சட்டம் அப்படி. ஆனால் நடுராத்திரி சோதனைச் சாவடியில் அங்குலக் கணக்கு பேசிக்கொண்டிருக்க முடியாது. பட்டனை அமுக்கினால் பாய்ந்து திறக்கும் கத்தியை வாங்காதே, கறுப்பு பெயின்ட் அடித்துப் போர்க்கள வேஷம் போட்டதை வாங்காதே என்றேன். ஆரஞ்சுப் பிடி எடு. புல்லில் விழுந்தாலும் தெரியும், பார்க்கிறவர்களுக்கும் பயம் வராது. விமானத்தில் கைப்பையில் கூடாது. கம்பெனி கேட்டில் தினமும் தடவிப் பார்த்துத்தான் உள்ளே விடுகிறார்கள், உள்ளே வேலைக்கு வேண்டிய கட்டரைக் கையெழுத்து வாங்கிக்கொண்டு அவர்களே தருகிறார்கள். ஆக, வாரத்தில் ஆறு நாள் அவன் கத்தி வீட்டில்தான் தூங்கப் போகிறது.

என்னிடம் வந்த அப்பாவின் கத்தியும் அப்படித்தான் ஆகிவிட்டது. 2019இல் அத்தி வரதர் மறுபடி எழுந்தருளினார். ஜூலை 1 முதல் 48 நாள். முதலில் சயனம், ஆகஸ்ட் பிறந்ததும் நின்ற கோலம். நானும் கிளம்பினேன். தெரு முனைவரை வந்தவன் இடுப்பைத் தொட்டுப் பார்த்து நின்றேன். இத்தனை கூட்டத்தில், இத்தனை காவலில் இது எதற்கு என்று திரும்பிப் போய்த் தறிக்கம்பத்து ஆணியில் மாட்டிவிட்டு வந்தேன். அந்தப் பெருமாள் வந்தபோது வாங்கிய கத்தி அடுத்த முறை அவரைப் பார்க்க வரவில்லை.

அண்ணன் மகன் டி2 வாங்கவில்லை. ஆரஞ்சுப் பிடி, ஸ்டெயின்லெஸ், திருகு, பூட்டு எல்லாம் பார்த்து ஒன்றை வரவழைத்தான். பார்சல் வந்த அன்று நானும் இருந்தேன். டேப்பைக் கிழிக்க நகத்தால் திணறிக்கொண்டிருந்தான். ஆணியிலிருந்து பழையதை எடுத்துக் கொடுத்தேன். ஒரே இழுப்பில் பெட்டி வாய் பிளந்தது. அவன் தாத்தாவின் கத்தியைக் கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு புதுசை எடுத்து, யாரும் சொல்லிக் கொடுக்காமலே, காதோரம் வைத்து மூடினான்.

மறுவாரம் கல்லை நனைத்து அவன் முன்னால் வைத்தேன். அலகின் முதுகு கல்லிலிருந்து ஒரு பென்சில் பருமன் உயரத்தில் இருக்கட்டும், அந்தச் சாய்வு மாறாமல் தள்ளு என்றேன். முதல் பத்துத் தேய்ப்பும் கிறீச்சென்று கத்தியது. பதினோராவதில் அவனே கையை நிறுத்தி, முதுகைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டான்.