உஷார்! ரெக்ஸின் வாங்கும் முன் தரையைத் தட்டிப் பாருங்கள்

மழை ஓய்ந்ததும் கேரளத்து இடுக்கி மலையில் இருக்கும் ஆனைக்கரையில் ஏலத்தோட்டத்து ஷெட்டுகளிலிருந்து பழைய வண்டிகள் வெளிச்சத்துக்கு வரும். தாத்தா ஓட்டிய அம்பாசடர், யாரோ ஆசையாக வாங்கிப் போட்ட பிரீமியர் பத்மினி, மேடேறியே தேய்ந்த மஹிந்திரா ஜீப். "பெயிண்ட் வேலையைப் பட்டறைக்கு விட்டுருவோம், உள்வேலையை நாமளே பாத்துக்கலாம், காசு மிச்சம்" என்று பையன்கள் இறங்கிவிடுகிறார்கள். ஆசையைக் குறை சொல்லவில்லை. 2014-இல் அம்பாசடர் உற்பத்தி நின்றுபோனது. இருக்கிற வண்டியைக் காப்பாற்றுவது நல்ல காரியம். ஆனால் ரெக்ஸின் வாங்கக் கம்பத்துக்குப் பஸ் ஏறும் முன் இதைப் படித்துவிடுங்கள். உயிர் சம்பந்தப்பட்டது.

முதல் ஆபத்து, கதவைத் திறந்ததுமே காத்திருக்கிறது. மாதக்கணக்கில் நின்ற வண்டியின் சீட்டில் பஞ்சும் தேங்காய் நாரும் எலிக்குச் சொகுசான வீடு. அதன் சிறுநீர் பட்ட ஈரத்தில் எலிக்காய்ச்சல் கிருமி பல நாள் உயிரோடு இருக்கும். கையில் ஒரு சிராய்ப்பு போதும், உள்ளே நுழைந்துவிடும். வெறுங்கையால் பிய்க்காதீர்கள். பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரைத் தெளித்து ஊறவிட்டு, கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு அள்ளுங்கள். அடுத்த சில வாரங்களில் காய்ச்சலோடு கெண்டைக்கால் வலியோ கண் சிவப்போ வந்தால் வீட்டில் மாத்திரை போட்டுப் படுத்துவிடாமல் ஆஸ்பத்திரிக்குப் போய், எலி இருந்த வண்டியைச் சுத்தம் செய்ததையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

அடுத்தது தரை. இந்த மலையில் மூடுபனியும் மழையும் வருஷத்தில் பாதி. மேட்டிங்குக்கு அடியில் இருக்கும் ஃபெல்ட் ஒருமுறை நனைந்தால் லேசில் காயாது. மேலே தொட்டால் காய்ந்தது போலிருக்கும், அடியில் தகடு அரித்துக்கொண்டே போகும். எல்லாவற்றையும் தூக்கிவிட்டு ஸ்குரூ டிரைவரால் தகட்டைக் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் அதன் மேல் தார் ஷீட்டை ஒட்டி மறைக்கிற வேலையே வேண்டாம். முன்சீட்டைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள் அந்தத் தகட்டில்தான் நிற்கின்றன. சடன் பிரேக்கில் சீட் ஆளோடு பெயர்ந்து வந்தால் உங்கள் புது ரெக்ஸின் என்ன செய்யும்? வெல்டிங்கையும் வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள். தரைக்கு அடியில் பெட்ரோல் குழாய் ஓடுகிறது.

மலிவாக வாங்கப்போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2018 ஆகஸ்ட் 9-ஆம் தேதி இடுக்கியின் செறுதோணி அணையின் ஷட்டர் 26 வருஷங்களுக்குப் பிறகு திறந்தது. அந்த மாத வெள்ளத்தில் கேரளம் முழுக்க எத்தனையோ வண்டிகள் முங்கின. பழைய வண்டிக்குள் புது ரெக்ஸின் வாசனை அடித்தால் மயங்காமல், சீட் ஓடும் தண்டவாளத்திலும் டேஷ்போர்டுக்குப் பின்னாலும் டார்ச் அடியுங்கள். வண்டல் படிந்திருந்தால் முன்பணம் கொடுக்காமல் திரும்பிவிடுங்கள்.

எனக்கு எல்லாவற்றையும்விடப் பயம் தீயைப் பற்றித்தான். ரூஃப் லைனிங்கும் கார்பெட்டும் ஒட்ட எல்லோரும் வாங்குவது ரப்பர் பசை. அதிலிருந்து கிளம்பும் ஆவி எளிதில் தீப்பிடிக்கும். காற்றைவிடக் கனமானது என்பதால் கீழே இறங்கித் தரையில் தேங்கி நிற்கும். மழைக்குப் பயந்து கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளே உட்கார்ந்து ஒட்டினால் தலை சுற்றும். அந்த நேரத்தில் ஒரு பீடி, ஒரு கொசுவத்தி, பாட்டரி ஒயரில் ஒரு பொறி — ஏதாவது ஒன்று போதும். நான்கு கதவையும் திறந்து வையுங்கள். பாட்டரியைக் கழற்றாமல் பசை டப்பாவைத் திறக்கவே கூடாது.

ஒயரிங் இன்னும் மோசம். அம்பாசடர் பழைய மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் வழி வந்தது. அந்தக் காலத்து ஒயரிங்கில் சில இணைப்புகளுக்கு ஃபியூஸே கிடையாது. வெடித்த உறையோடு, எலி கடித்த காயத்தோடு இருக்கும் அந்த ஒயரில் ஸ்பீக்கரும் எல்இடி விளக்கும் செல்போன் சார்ஜரும் முறுக்கி டேப் ஒட்டுகிறோம். அதன் மேல் ஃபோம். 2023 பிப்ரவரி 2-ஆம் தேதி கண்ணூரில் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே கார் எரிந்து, முன்சீட்டில் இருந்த கணவனும் நிறைமாத மனைவியும் இறந்தார்கள். பின்சீட்டில் இருந்தவர்கள்தான் தப்பினார்கள். அது பழைய வண்டிகூட இல்லை. கதவைத் திறந்து இறங்க எவ்வளவு குறைந்த நேரம் கிடைக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

வீட்டு சோபாவுக்கு விற்கிற மலிவு ஃபோமைக் காரில் வைக்காதீர்கள். எரிந்தால் அதன் புகையே ஆளைக் கொல்லும். வாகன உள்பொருட்கள் தீப்பிடிக்கும் வேகத்துக்கு இந்தியாவில் ஐஎஸ் 15061 என்ற தரம் இருக்கிறது. கடையில் அதைக் கேட்டு வாங்குங்கள். கடைக்காரர் முழித்தால், ஒரு துண்டு வாங்கி வந்து வெட்டவெளியில் பற்றவைத்துப் பாருங்கள். சடசடவென்று எரிந்து சொட்டினால் வேண்டாம்.

ஜீப்காரர்களே, தொழிலாளர்களை ஏற்ற உள்ளே கூடுதல் பெஞ்ச் அடிப்பது உள்வேலைக் கணக்கில் வராது. ஆர்டிஓ அனுமதி இல்லாமல் செய்தால் சட்டப்படி குற்றம்; விபத்து நடந்தால் இன்சூரன்ஸும் சிக்கலாகும். சீட் பெல்ட் இல்லாத பழைய வண்டிக்குச் சென்னைப் புதுப்பேட்டையிலிருந்து பழைய பெல்ட் வாங்கி மாட்டுவதும் ஆபத்துதான். ஏற்கெனவே இழுபட்ட பெல்ட்டை நம்ப முடியாது. அதை முடுக்குகிற இடத்தில் தகடு கனமாக இல்லாவிட்டால் போல்ட் பிய்த்துக்கொண்டு வரும்.

கையில் கொஞ்சம்தான் காசு இருக்கிறதா? புது ஒயரிங்குக்கும் தரைத் தகட்டுக்கும் முதலில் செலவழியுங்கள். சீட் கிழிந்திருந்தால் ஒரு துண்டைப் போட்டு உட்காருங்கள், அடுத்த வருஷம் தைத்துக்கொள்ளலாம். இந்த ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரே வேலை: பாட்டரியைக் கழற்றுங்கள், மேட்டிங்கைத் தூக்குங்கள், டார்ச் அடித்துப் பாருங்கள்.